காய்க்காத மரத்தடியில் ஒரு தேசம்

தோவாளை மலர்ச்சந்தையில் கடை நடத்தும் பெரியப்பா அவர்களுக்கு, டோக்கியோவில் வேலை பார்க்கும் தம்பி மகன் வணக்கத்துடன் அனுப்பும் மடல்.

ஜப்பானில் பூப் பார்ப்பது வேலையற்றவர்களின் வேலை அன்று. அரசு அலுவலகம் பூத்த நாளை அறிவிக்க, நிறுவனங்கள் ஆள் அனுப்பி இடம் பிடிக்க, தொலைக்காட்சிச் செய்திகள் அதைப் பேசித் தீர்க்க, மார்ச்சு இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் ஒழுங்காக நிறைவேற்றப்படும் பொதுக்கடமை அது. ஹனாமி எனப்படும் இவ்வழக்கத்தின்படி, சகுரா என்று இந்நாட்டார் அழைக்கும் செர்ரி மரம் பூத்து நிற்கும் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் மக்கள் அதன் அடியில் விரிப்பு விரித்து அமர்ந்து, அண்ணாந்து பார்த்து, உண்டு, குடித்து, குப்பையைத் தாமே பொறுக்கிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். இதில் பூ பறிக்கப்படுவதில்லை, தொடுக்கப்படுவதில்லை, சூடப்படுவதில்லை என்பதையும், கிலோ என்ன விலை என்று ஒருவரும் கேட்பதில்லை என்பதையும், பிச்சியையும் கேந்தியையும் விடியுமுன்னே தராசில் ஏற்றிப் பழகிய பெரியப்பா அவர்கள் இருமுறை வாசித்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

அடுத்த செய்தி இன்னும் வியப்புக்குரியது. இத்தனை ஆரவாரத்துக்கும் உரிய மரம் தின்னத்தகுந்த பழம் எதுவும் தருவதில்லை. ஜப்பானிய நகரங்களில் தெருவோரத்திலும் ஆற்றங்கரையிலும் பள்ளி முற்றத்திலும் நிற்கும் செர்ரி மரங்களில் பெரும்பாலானவை சோமெய் யோஷினோ என்னும் வகையைச் சேர்ந்தவை. டோக்கியோ எடோ எனப் பெயர் பெற்றிருந்த காலத்தில் அதன் ஓரமாக இருந்த சோமெய் என்னும் தோட்டக்காரர் ஊரிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பரவிய இவ்வகைக்கு, 1900ஆம் ஆண்டில்தான் இப்பெயர் சூட்டப்பட்டது. எடோ ஹிகான், ஓஷிமா என்னும் இரு செர்ரி இனங்களின் கலப்பில் பிறந்த இம்மரம் தன் மகரந்தத்தால் தானே கருவுறாது. தாவரவியலார் இதனைத் தன்னொவ்வாமை என்பர். ஒரே மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கப்பட்ட மரங்கள் அனைத்தும் மரபணுவால் ஒன்றேயாதலால், பக்கத்து மரத்தின் மகரந்தமும் தன் மகரந்தமாகவே கருதப்பட்டு மறுக்கப்படுகிறது. ஆக, நாடு முழுவதும் நிற்பவை பல்லாயிரம் மரங்கள் அல்ல, பல்லாயிரம் இடங்களில் நிற்கும் ஒரே மரம் என்று சொல்வதே முறை. ஓர் ஊரின் தெரு முழுவதும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகப் பூத்து ஒன்றாக உதிர்வதற்கும் இதுவே காரணம். காய்க்காத மரத்தை ஜப்பானியர் பொதுவாகப் பொறுத்துக்கொள்பவர் என்றும் நினைத்துவிடக் கூடாது. பழம் தராத பெர்சிமன் மரத்தின் முன் ஜனவரி நடுவில் ஒருவர் கோடரியுடன் நின்று, காய்க்கிறாயா இல்லையா என்று அதட்ட, மரத்தின் சார்பில் இன்னொருவர் காய்ப்பதாக வாக்களிக்கும் சடங்கு இந்நாட்டுச் சிற்றூர்களில் இருந்துவந்திருக்கிறது. அந்தக் கோடரி சகுராவின் பக்கம் மட்டும் திரும்பியதில்லை.

பூத்ததா இல்லையா என்பதை இந்நாட்டில் கண்ணுள்ள எவரும் தாமே முடிவுசெய்துவிட இயலாது. ஒவ்வொரு பகுதியிலும் மாதிரி மரம் எனப்படும் ஒரு குறிப்பிட்ட மரம் உண்டு. டோக்கியோவுக்கு உரியது யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. நாட்டின் வானிலை முகமையைச் சேர்ந்த அலுவலர் வந்து, அம்மரத்தில் குறைந்தது ஐந்தாறு மலர்கள் விரிந்திருப்பதைக் கண்ணால் எண்ணிப் பார்த்த பிறகே டோக்கியோவில் சகுரா பூத்துவிட்டதாக அறிவிப்பு வெளியாகும். ஒளிப்படக் கருவிகளுடன் பெருங்கூட்டம் சூழ்ந்து நிற்க, அலுவலர் கிளை கிளையாக ஆராய்ந்து, நான்கு மலர்தான் விரிந்திருக்கிறது என்று கண்டால், எதிர்ச்சாரியில் ஒரு மரம் முழுக்கப் பூத்து நின்றாலும் டோக்கியோ அன்று பூக்காத நகரமே. மொட்டுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் விரிந்த நிலையை முழுமலர்ச்சி என்று அறிவிக்க அவர் மீண்டும் வருவார். நான்கு மலரைப் பார்த்துவிட்டு முகத்தில் எந்தச் சலனமும் இன்றித் திரும்பிச் செல்லும் அந்த அலுவலரின் நேர்மையை எந்த நாட்டு அரசு ஊழியரும் பாடமாகக் கொள்ளலாம்.

பூக்கும் நாளை முன்கூட்டிச் சொல்வது தனிக்கலை. வானிலை முகமை 2009 வரை இம்முன்னறிவிப்பை வெளியிட்டு, 2010 முதல் அதைத் தனியார் நிறுவனங்களுக்கு விட்டுவிட்டது. மக்களிடையே வழங்கும் எளிய கணக்கு ஒன்றும் உண்டு: பிப்ரவரி 1ஆம் நாள் தொடங்கி ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், அத்தொகை 600 டிகிரியை எட்டும் நாளையொட்டி டோக்கியோவில் சகுரா பூக்கும் என்பர். சகுராவின் பூமொட்டுகள் முந்திய கோடையிலேயே உருவாகி உறங்கிவிடுகின்றன. குளிர்காலத்தின் கடுங்குளிர் நெடுநாள் பட்ட பின்னரே அவ்வுறக்கம் கலைந்து, அதன்பின் வரும் வெப்பத்தை மொட்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டு விரிகின்றன என்பதே இக்கணக்கின் அடிப்படை. இதே கூட்டலைத் தோவாளையில் போட்டால் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலேயே 600 எட்டிவிடும். எனினும் அங்கே சகுரா பூக்காது, ஏனெனில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று எவ்வளவு வீசினாலும் மொட்டின் உறக்கத்தைக் கலைக்கும் குளிர் அதில் இல்லை. குளிராமல் வெயில் மட்டும் காய்ந்து பயனில்லை என்பதை அறிந்த பிறகு, டோக்கியோவின் ஜனவரியைத் திட்டுவதை இங்குள்ள தமிழர்கள் ஓரளவு குறைத்துக்கொண்டுள்ளனர்.

பழைய கணக்குகளும் இருக்கின்றன. கியோட்டோவில் அரசவையினரும் துறவிகளும் பூவிருந்து நடந்த நாளைத் தம் நாட்குறிப்புகளில் எழுதிவைக்கும் வழக்கம் கொண்டிருந்தமையால், ஒசாகாவில் பணியாற்றிய ஆய்வாளர் யாசுயுகி அவோனோ அவற்றையெல்லாம் தேடித் திரட்டி, 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அந்நகரில் சகுரா முழுமலர்ச்சி அடைந்த நாள்களை வரிசைப்படுத்தினார். 2021இல் மார்ச்சு 26ஆம் நாளே முழுமலர்ச்சி நேர்ந்தது. அதுவரையிலான அவ்வரிசையில் அதைவிட முன்னதாக வந்த நாள் வேறில்லை. புவி வெப்பமடைதலுக்குச் சான்றாக இன்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் இத்தரவு, விருந்துண்டவர்கள் தேதி எழுதிவைத்ததால் கிடைத்தது என்பது கருதத்தக்கது. அவர்கள் எழுதாமல் உண்டு மட்டும் போயிருந்தால் அறிவியலுக்குப் பெரும் இழப்பு நேர்ந்திருக்கும். பொதுமக்களுக்கு இவ்விருந்து வாய்த்தது பிற்காலத்தில்தான்; டோக்குகாவா யோஷிமுனே என்னும் ஷோகன், அதாவது படைத்தலைவராக இருந்து நாட்டை ஆண்டவர், 1720ஆம் ஆண்டையொட்டி அசுகாயாமா என்னும் குன்றில் சகுரா நடச் செய்து மக்களுக்குத் திறந்துவிட்டார்.

இன்றைய ஹனாமியின் கடினமான பகுதி இடம் பிடித்தலாகும். நீலநிறப் பிளாஸ்டிக் விரிப்பை அதிகாலையிலேயே மரத்தடியில் விரித்து, அதன்மேல் ஓர் ஆளை உட்காரவைத்து, மாலை வரை அவ்விடத்தைக் காக்கும் இம்முறை, பேருந்துச் சன்னல் வழியே துண்டு போட்டு இருக்கை பிடிக்கும் நம்மூர் முறையின் உடன்பிறப்பே. ஆனால் துண்டு தனியே தன் கடமையைச் செய்ய, இங்கே விரிப்புக்குத் துணையாக மனிதர் வேண்டும். ஜப்பானிய நிறுவனங்களில் புதியவர்கள் ஏப்ரல் 1ஆம் நாள் பணியில் சேர்வது மரபாதலாலும், அதே வாரத்தில் சகுரா பூப்பதாலும், அம்மனிதர் பெரும்பாலும் அலுவலகத்தின் கடைக்குட்டியாகவே அமைகிறார். பொறியியல் பட்டமும், வங்கிக் கடனும், ஜப்பானிய மொழித் தேர்வின் சான்றிதழும் கொண்டு வந்து சேரும் தமிழ் இளைஞர் தம் முதல் அலுவலகப் பொறுப்பாக, இரண்டு மேற்சட்டை அணிந்து நடுங்கியபடி ஒரு நீல விரிப்பின் நடுவே பகல் முழுவதும் அமர்ந்திருப்பதுண்டு. வீட்டுக்கு அனுப்பும் படத்தில் இது 'அலுவலக நண்பர்களுடன் சுற்றுலா' என்று குறிக்கப்படுகிறது.

மாலையில் மற்றவர்கள் வந்து சேர்ந்ததும் மரத்தை ஒருமுறை பார்த்துப் பாராட்டிவிட்டு உணவுப் பெட்டிகளைத் திறக்கின்றனர். அதன்பின் மரத்தைப் பார்ப்பவர் குறைவு. பூவைவிடக் கொழுக்கட்டையே மேல் என்னும் பொருளில் ஜப்பானியரிடம் ஒரு பழமொழியே உண்டு. அதிற் குறிப்பிடப்படும் டாங்கோ என்பது பூரணம் வைக்காத அரிசிமா உருண்டைகளைக் குச்சியில் கோத்த பண்டம். உப்பிலிட்ட செர்ரி இலையில் பொதிந்த சகுரா மோச்சியும் இப்பருவத்துக்கு உரியது. பழம் தராத குறையை இலையாவது தீர்க்கிறது. நிஷி கசாய் பகுதியில் நெருங்கி வாழும் இந்தியக் குடும்பங்களுள் தமிழர்கள் புளியோதரையும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு பூங்காவுக்குச் செல்கின்றனர். மரத்தடியில் ஆறவைத்து உண்பதற்கென்றே படைக்கப்பட்ட உணவு உலகில் ஒன்றுண்டென்றால் அது புளியோதரையே என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

அமைதி விரும்புவோர்க்குத் தாவரத் தோட்டங்களே தக்கவை. ஷின்ஜுக்கு கியோயென் என்னும் தோட்டம் முன்பு அரச குடும்பத்துக்கு உரியதாக இருந்து, 1949இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; 58 ஹெக்டேர் பரப்புள்ள அதில் பல வகைச் செர்ரி மரங்கள் இருப்பதால், ஒன்று உதிரும்போது இன்னொன்று பூக்கிறது. உள்ளே மது கொண்டுசெல்லத் தடை. பூக்காலத்தில் வாயிலிலேயே பையைத் திறந்து பார்க்கின்றனர். புளியோதரைக்குத் தடை இல்லை.

எனினும் நகரத்துத் தோட்டங்களுள் முதலிடம் பெறத் தக்கது கொய்ஷிகாவா தாவரத் தோட்டமே என்பது தம்பி மகனின் தீர்ந்த கருத்து. 1684இல் ஷோகன் அரசின் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கிய அது, 1722இல் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையையும் பெற்று, 1877இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. பஞ்சகாலத்துக்கு உதவும் பயிரைத் தேடிய அவோகி கொன்யோ என்னும் அறிஞர் 1735இல் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பயிரிட்டுச் சோதித்ததும் இங்கேதான். இத்தோட்டத்தின் பெருமைக்குரிய மரம் ஒரு பெண் கிங்கோ ஆகும். கிங்கோவில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியே உண்டு. விதையுள்ள தாவரங்களில் பெரும்பாலானவற்றின் ஆண் உயிரணு தானே நகராமல் மகரந்தக் குழல் வழியே கொண்டுசேர்க்கப்பட, கிங்கோவின் ஆண் உயிரணு நீந்திச் சென்று சேர்கிறது. இதை 1896இல் முதன்முதலாகக் கண்டறிந்தவர் ஹிராசே சக்குகோரோ. பேராசிரியர் அல்லர், படம் வரைபவராகப் பணிக்குச் சேர்ந்து உதவியாளரானவர். உலகத் தாவரவியலை வியக்கவைத்த கண்டுபிடிப்பைச் செய்த மறு ஆண்டே அவர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, வெளியூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். ஜப்பானியக் கல்விக்கழகத்தின் பரிசு 1912இல்தான் அவரைத் தேடி வந்தது. அம்மரம் இன்றும் நிற்கிறது. இலையுதிர்காலத்தில் பெண் கிங்கோவின் அடியில் விழும் விதைகளின் மேற்சதை வீசும் நாற்றத்தால், அறிவியல் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டே வணங்குகின்றனர்.

வாழைமரத்தைக் கட்டணம் செலுத்திப் பார்க்கும் இடமும் டோக்கியோவில் உண்டென்றால் ஊரில் நம்பமாட்டார்கள். குப்பை கொட்டி மேடாக்கிய யுமேனோஷிமா என்னும் நிலத்தில், அருகிலுள்ள குப்பை எரிப்பு ஆலையின் வெப்பத்தைக் கொண்டு, 1988 முதல் வெப்பமண்டலத் தாவரக் கண்ணாடிக்கூடம் ஒன்று இயங்குகிறது. குளிர்காலத்தில் அதனுள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி முழுதும் ஆவி படிய, நாகர்கோவில் வந்துவிட்டதென்று மகிழும் தமிழர்கள் உளர். பிற பருவங்களைப் பற்றி விரித்தெழுத இடமில்லை: ஏப்ரல் இறுதியில் ஊதா நிறச் சரங்களாகத் தொங்கும் விஸ்டேரியா, ஜூன் மழையில் நீலமாகக் குவியும் ஹைட்ரேஞ்சியா, ஜூலையில் உவேனோவின் ஷினோபாசு குளத்துத் தாமரை என்று வரிசை நீள்கிறது. தாமரையைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். சிபா பகுதியில் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்ட, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையானதென மதிக்கப்பட்ட விதையை இச்சிரோ ஓகா என்னும் தாவரவியலார் முளைக்கவைத்து, மறு ஆண்டே பூக்கவும் செய்தார்.

ஊரிலிருந்து யாரேனும் வருவதாயின் மார்ச்சு கடைசி வாரத்துக்குப் பயணச்சீட்டு எடுப்பது தகும். தோட்டங்களில் கிளையை வளைப்பதும் பூவைப் பறிப்பதும் விதிக்கு மாறு என்பதைப் பெரியம்மாவிடம் விமானம் ஏறுமுன்னரே எடுத்துச்சொல்ல வேண்டும். பெரியப்பா அவர்கள் பிச்சிக்கொடிப் பதியன் ஒன்றை அனுப்ப எண்ணியிருப்பதாக அறிகிறோம். அன்புகூர்ந்து அவ்வெண்ணத்தைக் கைவிட வேண்டும். ஏற்றுமதி நாட்டு அரசின் தாவரநலச் சான்றிதழ் இன்றி எச்செடியும் ஜப்பானுக்குள் நுழைய இயலாது. நியூட்டன் வீட்டு ஆப்பிள் மரத்தின் ஒட்டுக்கன்று 1964இல் இங்கிலாந்திலிருந்து அன்பளிப்பாக வந்தபோது, அதில் நச்சுயிரித் தொற்று இருப்பதைக் கண்டு, கொய்ஷிகாவாத் தோட்டத்தில் தனியே ஒதுக்கிவைத்து, நோய் நீக்கிய பின் 1981இல்தான் வெளியில் நட அனுமதித்தனர். நியூட்டனுக்கே சலுகை காட்டாதவர்கள் தோவாளைக்குக் காட்டமாட்டார்கள். அப்பளக் கட்டு இரண்டு அனுப்பினால் போதும்.