சத்தம் போடாதீங்க, பேய் வருது!

ஓசூர் பாகலூர் ரோடு பக்கம் ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு வீட்டுக்குள்ளிருந்து, "ஐயோ, என்னை விட்டுடு! நான் ஒண்ணும் பண்ணலை!" என்று ஆண் குரல் அலறினால் போலீசுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். அதே குரல், "சரியா வரலை, இன்னொரு டேக் போலாம்" என்று சொல்லும். ஆள் ஒலிநாடகக்காரர். பகலில் சிப்காட் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி டிபார்ட்மென்ட். ராத்திரியில் எழுத்தாளர், இயக்குநர், கதாநாயகன், பேய், பேயோட்டி எல்லாம் அவரே. மெஸ்ஸில் அவருக்கு 'டைரக்டர்' என்று பெயர். கூப்பிடுகிறவர்கள் கிண்டலாகத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

இந்த ஜாதி மனிதர்கள் கோடம்பாக்கத்தில் இருந்தால் நியாயம். ஓசூரில் எப்படி முளைத்தார்கள்? எல்லாம் கம்பெனி பஸ் செய்த வேலை. 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய பெயர்கள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கச் சின்னச் சின்னப் பட்டறைகள் தெருத்தெருவாக வந்தன. காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து என்று ஊரே ஷிஃப்டில் சுழல்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவருக்குக் கண் சொக்கும், கை மடியில் கிடக்கும், காது மட்டும் வேலையில்லாமல் இருக்கும். அந்தப் பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டினால் அவர் காதும் காலி. இத்தனை காதுகள் சும்மா கிடக்கின்றனவே என்று ஒருவருக்குத் தோன்றியது. தோன்றியவர்தான் டைரக்டர்.

அவரிடம் தெரியாத்தனமாக, "பாட்காஸ்ட்னா ரெண்டு பேர் உட்கார்ந்து பேசுவாங்களே, அதுவா?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம். முதலில் முகம் சுருங்கும். அப்புறம் பாடம் ஆரம்பிக்கும். "அது பேட்டி, ஜி. நான் பண்றது நாடகம்." தீபிகா அருணின் 'கதை ஓசை' போல ஒருவரே நாவலை வாசிப்பது தனிக்கலை என்பார், அவர் மேல் மரியாதை உண்டு. பாக்கெட் எஃப்எம், குக்கூ எஃப்எம் தொடர்களைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். ஆனால் சந்தா கட்டியிருக்கிறார். "போட்டியாளர் ஆய்வு" என்பது அவர் விளக்கம்.

பிறகு வரலாறு. சென்னை வானொலியில் சுகி சுப்பிரமணியம் நாடகம் போட்ட காலம். இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்'. ராமதாஸ் குழுவினரின் 'கோமாளிகள்' வானொலியில் சிரிக்க வைத்த சிரிப்பு 1976-ல் சினிமாவாகவே வந்தது. 1984-ல் 'விதி' படத்தின் கோர்ட் வசனம் கேசட்டாக வந்து, டீக்கடை டீக்கடையாக ஓடி, படம் பார்க்காதவர்களும் குறுக்கு விசாரணையை ஒப்பித்த கதை. "தமிழன் காதாலதான் சினிமாவே பார்த்தான், ஜி!" என்று முடிப்பார். இதில் எந்த நாடகத்தையும் அவர் ஒலிபரப்பான அன்றைக்குக் கேட்டதில்லை. அவர் பிறந்ததே கேசட் காலத்தின் கடைசியில். ஆனாலும் 'அந்தக் காலத்துல' என்று அவர் சொல்லும்போது எழுபது வயதுக்காரர் தோற்றார். ஒன்று சொல்லவேண்டும்: அவர் சொல்வது சரிதான். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனம் ஓடியபோது பந்தலில் யாரும் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இனி ஸ்டூடியோ. படுக்கையறையின் மூலை. சுவரில் நாமக்கல் முட்டை அட்டைகள். இவை வெளிச் சத்தத்தை ஒரு துளிகூடத் தடுக்காது என்று அவருக்கே தெரியும். போட்டோவில் ஸ்டூடியோ மாதிரி தெரிகிறது என்பதற்காக வைத்திருக்கிறார். உண்மையான ஸ்டூடியோ, தலையோடு போர்த்திக்கொள்ளும் கம்பளி. அதற்குள் மைக், மொபைல், டைரக்டர், வியர்வை. இந்த இடத்தில் ஓசூர்க்காரருக்கு ஒரு கொடுப்பினை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் ஊர். மார்கழியில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யலாம். சென்னையில் இதே வேலை செய்கிறவர் போர்வைக்குள் வெந்துபோவார்.

மற்றபடி ஊரில் அமைதி என்பது அரசாங்க அனுமதியோடு கிடைக்கவேண்டிய பொருள். பகலில் டைரக்டர் கம்பெனியில் டெசிபல் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். ராத்திரி அதே மனிதர் முப்பது டெசிபலுக்காகத் தவம் இருக்கிறார். தெருநாய் ஓய்ந்தால் பக்கத்து ஷெட்டில் கம்ப்ரசர் ஏறும். கம்ப்ரசர் அடங்கினால் நெடுஞ்சாலை 44-ல் லாரி. ஒருமுறை சரித்திரத் தொடர் போட்டார். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ல், வெள்ளைக்காரப் படை ஓசூரைப் பிடித்த கதை. கொட்டாங்கச்சி இரண்டைத் தட்டிக் குதிரைப்படையையே இறக்கிவிட்டார். பீரங்கிக்கு முந்தைய மௌனத்தில் மட்டும், தூரத்தில், ஏர் ஹார்ன். அதை அவர் கவனிக்கவில்லை. ரசிகர் கவனித்தார். "அண்ணா, திப்பு காலத்துலயே லேலண்ட் வந்துடுச்சா?"

இந்த ஊர் ரசிகர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். உலகத்தில் எந்த ஊர் ஒலிநாடகக்காரருக்கும் இப்படி ஒரு கூட்டம் வாய்த்திருக்காது. மைக்ரோமீட்டரும் கையுமாகப் பிழைக்கிறவர்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினால் பாகத்தைத் தூக்கி ரிஜெக்‌ஷன் டப்பாவில் போடுகிறவர்கள். அவர்களிடம் கதையைக் கொடுத்தால் கதையையும் இன்ஸ்பெக்‌ஷன் செய்கிறார்கள். நாயகன் பைக்கைக் கிளப்பினால், "கதையில சொன்ன வண்டி வேற, இன்ஜின் சத்தம் வேற" என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். அனுப்பியவர் அந்த வண்டியைத் தினமும் அசெம்பிள் செய்கிறவர். அவரிடம் என்ன வாதாட முடியும்? நள்ளிரவில் நாயகி தனியாக இருக்கிறாள், மணிக்கட்டில் கடிகாரம் துடிக்கிறது என்று ஒரு திகில் காட்சி. மறுநாள் காலை கடிகாரத் தொழிலில் இருக்கும் ஒரு சகோதரி எழுதினார்: "சார், அவ கட்டியிருக்கறது குவார்ட்ஸ்னு ரெண்டாவது பகுதியில நீங்களே சொன்னீங்க. குவார்ட்ஸ் முள் செகண்டுக்கு ஒரு தடவைதான் நகரும். நீங்க போட்ட சத்தத்துல ஆறு துடிப்பு இருக்கு. அது சாவி கொடுக்கிற வாட்ச்." டைரக்டர் அன்று ராத்திரி உட்கார்ந்து அந்தக் காட்சியை ரீவொர்க் செய்தார். கம்பெனியில் கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்தால்கூட இவ்வளவு வேகம் காட்டமாட்டார்.

சேஃப்டி ஷூ விவகாரமும் உண்டு. பேய் நடந்துவருவதற்கு அழுத்தமான காலடி வேண்டுமென்று டைரக்டர் தன் கம்பெனி ஷூவைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தார். ஒலிபரப்பான அரை மணி நேரத்தில் கேள்வி வந்தது: "பேய் ஹெல்மெட்டும் போட்டிருக்கா?"

ஆனால் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது வேறு பிரச்சினை. போச்சம்பள்ளி பக்கம் ஓலா வந்தது, ஓசூரில் ஏத்தர் வந்தது, மாவட்டமே மின்சார ஸ்கூட்டருக்கு மாறிக்கொண்டிருக்கிறது. கதையும் காலத்தோடு ஒட்டவேண்டும் என்று நாயகியை மின்சார ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டார். வில்லனும் அதிலேயே துரத்துகிறான். கேட்பவர் காதில் என்ன விழும்? ஒன்றும் விழாது. சூளகிரியிலிருந்து குருபரப்பள்ளிவரை அனல் பறக்கும் துரத்தல், ஆனால் சத்தமே கிடையாது. கடைசியில் நாயகியை, "வேகமா வர்றானே! இதோ லெஃப்ட்ல திரும்பறேன்! ஐயோ, சார்ஜ் பதினெட்டு பர்சன்ட்!" என்று ஓட்டிக்கொண்டே வர்ணனை சொல்லவைத்தார். ரசிகர்கள் அந்தப் பகுதிக்குக் 'கிரிக்கெட் கமென்ட்ரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வில்லன் என்ன மொழி பேசவேண்டும் என்பது அடுத்த தலைவலி. வீட்டு ஓனர் கன்னடக்காரர். மளிகைக்கடை தெலுங்கு. பேக்கரி மலையாளம். சக தொழிலாளியில் பாதி இந்தி. எந்தப் பேச்சை வில்லனுக்குக் கொடுத்தாலும் மறுநாள் ஒரு கதவு மூடிக்கொள்ளும். யோசித்து யோசித்து வில்லனைச் செந்தமிழில் பேசவைத்தார். "நில்லடா பேடியே!" என்று அவன் கர்ஜிப்பான், நாயகன், "ஏன் குரு, என்ன பிரச்சினை?" என்பான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லைப் பகுதி நல்லிணக்கத்துக்கு அரசு விருது கொடுப்பதாக இருந்தால் இவர் பெயரையும் பரிசீலிக்கலாம்.

வீட்டில் நிலவரம் இன்னும் சிக்கல். வெங்காயத்தாளை முறித்தால் எலும்பு முறியும் சத்தம். சப்பாத்தி மாவை உள்ளங்கையால் அறைந்தால் கன்னத்தில் அறை. சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கினால் காடு பற்றி எரிகிறது. முறத்தில் அரிசியைச் சாய்த்தால் மழை.

"ஏங்க, சப்பாத்தி மாவை எங்க வெச்சீங்க?"

"அது அறை வாங்கிட்டிருக்கு. ரெண்டே நிமிஷம்."

"மழை பேஞ்ச அரிசியையாவது டப்பாவுல கொட்டி வெச்சீங்களா?"

அந்த அம்மாள்தான் நாயகி, நாயகியின் தங்கை, நர்ஸ், ரயில்வே அறிவிப்பு. சம்பளம் கிடையாது. வசனம் பிடிக்காவிட்டால் மாற்றிச் சொல்லிவிடுவார். மாற்றியதுதான் எப்போதும் நன்றாக இருக்கும். குழுவில் இதை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். டைரக்டர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ரசிகர் சந்திப்பு என்று ஒன்று நடந்தது, கே.ஆர்.பி. அணையில். ஏ ஷிஃப்ட் வந்தால் பி ஷிஃப்ட் வராது, சி ஷிஃப்ட் வந்து தூங்கும். தேதி குறிப்பதற்கே ஒரு சீசன் முடிந்துவிட்டது. டைரக்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றார். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. வறுத்த மீன் கடையில், "அண்ணே, ரெண்டு பிளேட்" என்று வாயைத் திறந்ததும் பக்கத்து மேசையிலிருந்து ஒரு குழந்தை, "அம்மா, பேய்!" என்று வீறிட்டது. அவர் வாழ்நாளில் கிடைத்த பெரிய விருது அதுதான். அன்றைக்கு ரசிகர்கள் அவருக்கு ஒரு சாவிக்கொத்து கொடுத்தார்கள். பித்தளையில் லேத்தில் கடைந்து, தொடரின் பெயர் பொறித்து, பர் எடுத்துப் பாலிஷ் போட்டது. கூடவே அளவு குறித்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் இருந்தது. காசு கொடுத்து வாங்கும் எந்த அபிமானமும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. வருமானம் என்று பார்த்தால் ஒரு பி.ஜி. ஹாஸ்டல் விளம்பரம் மட்டும்தான். பேய் கழுத்தை நெரிக்கும் இடத்தில், "காற்றோட்டமான அறைகள், சுடுதண்ணீர் வசதி" என்று வரும்.

இத்தனை நல்லவர்களை அவர் ஒருநாள் பகைத்துக்கொண்டார். தொடரில் ஒரு பாட்டி. கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டே பேயைத் திட்டுவாள். கதைக்குத் திருப்பம் வேண்டுமென்று அவளைக் கொன்றுவிட்டார். இந்த வேலையை 1955-ல் பிபிசியே செய்து பார்த்திருக்கிறது. 'தி ஆர்ச்சர்ஸ்' வானொலித் தொடரில் கிரேஸ் என்ற இளம் மனைவியைத் தீ விபத்தில் சாகடித்தார்கள், அதுவும் போட்டித் தொலைக்காட்சி ஆரம்பமான அதே ராத்திரியில். பிபிசியின் தொலைபேசி இணைப்புகள் திணறிப்போயின. ஓசூரில் டெலிபோன் திணறவில்லை, சோறு நின்றது. குழுவில் ஆளாளுக்குக் கறுப்புப் படம் வைத்தார்கள். ஒருவர் பதினாறாம் நாள் காரியம் எப்போது என்று கேட்டார். மெஸ் அக்கா டைரக்டரின் தட்டில் இரண்டாம் கரண்டி குழம்பு ஊற்றவில்லை. "பாட்டியைக் கொன்னுட்டு வந்து குழம்பு கேக்கறியா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவள் அந்தத் தொடரைக் கேட்கிறாள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் கட்சி மெஸ் அக்கா கட்சி. கதைக்குத் திருப்பம் கிடைக்காவிட்டால் வில்லனைக் கொல்லலாம், நாயகனைக்கூடக் கொல்லலாம். திட்டத் தெரிந்த பாட்டியைக் கொல்லக்கூடாது. டைரக்டரும் ராயக்கோட்டையில் அந்தப் பாட்டிக்கு ஓர் இரட்டைச் சகோதரி இருப்பதாக அடுத்த பகுதியிலேயே அறிவித்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், பழைய பாட்டிக்குக் குரல் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாள் தன்னைக் கொன்ற கோபத்தில் திரும்ப வர மறுத்துவிட்டார்.

ஆகவே, ஆள் தேவை. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்ட, நன்றாகத் திட்டத் தெரிந்த பாட்டிகள் யாராவது இருந்தால் தெரிவிக்கவும். முன் அனுபவம் வீட்டில் இருந்தால் போதும். சம்பளம் இல்லை, டீயும் பன்னும் உண்டு. ராத்திரி பத்தரைக்கு மேல் விழித்திருக்கக்கூடியவர்களுக்கு முன்னுரிமை.