டாக்கோ தின்னப் போற மாப்ளைக்கு

மாப்ளே, கோவிச்சுக்காம கேளு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல குடியேறி ஒரு வீடும் ரெண்டு காரும் வாங்கிட்ட. மலையேறப் போற, பனியில சறுக்கப் போற. உன் தெருமுனை டாக்கோ கடைக்குப் போய் நாலு டாக்கோ வாங்கித் தின்ன மட்டும் இன்னும் துணிச்சல் வரலையேப்பா! மக வீட்டுக்கு வந்து கெடக்குற உன் தாய்மாமன் எனக்கு இங்கிலீசும் வராது, ஸ்பானிசும் வராது. விரலை நீட்டுனாப் போதும், எனக்குச் சாப்பாடு வந்துரும். நீ ரெண்டு பாஷையைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு, அந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம்னு போன்ல எண்ணிக்கிட்டிருக்க.

உனக்கு நட்சத்திரம்தான் வேணும்னா ஒண்ணு சொல்றேன். மெக்சிகோ சிட்டியில எல் கலிஃபா தெ லெயோன்னு ஒரு டாக்கோ கடை. 1968-ல ஆரம்பிச்சது. உன் வீட்டுக் குளியலறைக்குள்ள அந்தக் கடையை வச்சிரலாம். உக்கார நாற்காலி இல்ல, பலகையில எழுதியிருக்குறதே நாலு வகைதான். அதுக்கு 2024-ல மிஷலின் நட்சத்திரம் கொடுத்தாங்க. கொடுக்க வந்தவங்க சமையல்காரருக்கு வெள்ளைக் கோட்டும் கொண்டுவந்தாங்களாம். கல்லுச் சூட்டுல நிக்கிற மனுசன், இந்த வேக்காட்டுல இது எதுக்குன்னு அதைப் போட்டுக்கவே இல்ல. கோட்டு போட்டவன் கையாலதான் தின்பேன்னு நீ அடம்பிடிச்சா, கைக்கு எட்டுன நட்சத்திரமும் போயிரும்.

சுத்தம் பத்தி யோசிக்கிறியாக்கும். கடை சன்னலைப் பாரு, பெரிசா ‘ஏ’ன்னு ஒரு அட்டை ஒட்டியிருக்கும். 1998-ல இருந்து இந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிக்காரங்க கடைகளுக்குச் சுகாதாரப் பரீட்சை வச்சு, மார்க்கை வாசல்லயே ஒட்டவைக்கிறாங்க. நீ பள்ளிக்கூடத்துல வாங்குன மார்க்கை உங்க அம்மா எந்த வாசல்லயாவது ஒட்டுனாளா? அதனால மூக்கைச் சுளிக்காம வரிசையில நில்லு.

அந்த வரிசையும் லேசுப்பட்டது இல்ல. 2008-ல இதே கவுண்டி, டாக்கோ வண்டி ஒரே இடத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னா அபராதம், ஜெயிலுன்னு சட்டம் போட்டுச்சு. ஜனங்க வண்டிக்காரன் பக்கம் நின்னாங்க, கோர்ட்டுல சட்டம் நிக்கலை. சட்டத்தையே தின்னு செரிச்ச ஊரு இது. நீ பத்து நிமிசம் நின்னா கால் தேஞ்சிராது.

இனி பலகைக்கு வருவோம். உன் கண்ணு நேரா ‘போயோ’கிட்டதான் போகும், அது கோழி. எந்த நாட்டுக்குப் போனாலும் கோழியைத் தவிர வேற உசிரு உனக்குத் தெரியாது. கீழேயும் கொஞ்சம் வாசிச்சுப் பாரு. கார்னிட்டாஸுன்னா பன்னிக்கறியை அதோட கொழுப்புலயே நின்னு நிதானமா வேகவிட்டது. லெங்குவா மாட்டு நாக்கு, கபேசா தலைக்கறி, திரிப்பாஸ் குடல். பாரு, முகம் கோணுது! ஊர்ல கெடா வெட்டுனா உங்கப்பன் தலைக்கறிக்கு முந்தித் துண்டு போட்டு இடம்பிடிக்கிற ஆளு. குடல்குழம்பு பத்தலைன்னு பந்தியில இருந்து எந்திரிச்ச பரம்பரைடா உன்னுது! அந்த வம்சத்துல பிறந்தவன் எலும்பில்லாத நெஞ்சுக்கறி கேட்டு நிக்கிறான்.

மாடு வேண்டாம், பன்னி வேண்டாம்னா அது உன் இஷ்டம், நான் குறை சொல்லல. ஆனா வாயைத் திறந்து கேட்டுக்கோ. பிர்ரியான்னா மெக்சிகோவுல ஹலிஸ்கோ பக்கம் ஆட்டுக்கறி, இந்த ஊர்க் கடைகள்ல பல இடத்துல மாட்டுக்கறி. உன் பொண்டாட்டி சைவம்ங்கிற. பீன்ஸ்தானேன்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக் கொடுத்துராதே, அதைப் பன்னிக் கொழுப்புல வதக்குறது அவங்க வழக்கம். ‘மன்தேகா’ உண்டான்னு கேட்டுட்டு வாங்கு. நோபாலெஸ் இருந்தா அவளுக்கு யோகம், அது சப்பாத்திக்கள்ளி மட்டை. நம்ம ஊர்ல அதை வேலியில வச்சு ஆட்டை விரட்டுனோம். அதோட சொந்தக்காரங்க முள்ளைச் சீவிப்புட்டு வாட்டித் தின்னாங்க.

கம்பியில செங்குத்தாக் கறி அடுக்கிச் செவப்பாச் சுத்திக்கிட்டிருந்தா, வேற எதையும் யோசிக்காதே. அதுதான் அல் பஸ்தோர். அந்தச் சுத்துக்கம்பி லெபனான்ல இருந்து குடியேறுனவங்க கொண்டுவந்தது. மெக்சிகோக்காரங்க ஆட்டை இறக்கிட்டுப் பன்னியை ஏத்துனாங்க, மிளகாயும் அச்சியோத்தே விதையும் அரைச்சுப் பூசுனாங்க, உச்சியில அன்னாசிப்பழத்தைக் குத்தி வச்சாங்க. வந்தவன் பண்டத்தை வாங்கி இப்படிச் சொந்தமாக்கிக்கிட்ட ஊர்ச் சாப்பாடு அது. நீ இங்க வந்து இத்தனை காலமாகியும் பக்கத்துத் தெருச் சட்னியைத் தொட்டு நக்கலை.

சட்னின்னதும் காரம் ஞாபகம் வருது. ‘ஐயாம் ஃப்ரம் இந்தியா, எங்களுக்கு உறைக்காது’ன்னு கல்லுக்குப் பின்னால நிக்கிறவன்கிட்ட நெஞ்சை நிமித்தாதே. அது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதை. மிளகாயைக் காட்டுல இருந்து கொண்டாந்து பயிராக்குனதே அவங்க முப்பாட்டன்மாருதான், அதுக்குப் பல ஆயிரம் வருசம் ஆச்சு. போர்ச்சுகீஸ்காரன் கப்பல் வர்ற வரைக்கும் நமக்குக் காரம்னா மிளகுதான். தக்காளியும் மக்காச்சோளமும் அந்தப் பக்கத்துல இருந்து வந்ததுதான். நம்ம பக்கத்துச் சாமானும் அங்க உண்டு. கடையில பெரிய கண்ணாடி ஜாடியில ‘தமரிந்தோ’ன்னு இருக்கும், நம்ம புளியைச் சீனி போட்டுக் கரைச்ச தண்ணி. பக்கத்து ஜாடியில செக்கச்செவேல்னு இருக்குற ‘ஹமாய்க்கா’ புளிச்சகீரைச் சாதிச் செடியோட பூவுல போட்டது. சொந்தக்காரங்க ரெண்டு பேரு ஜாடிக்குள்ள உக்காந்து உன்னையே பாக்கிறாங்க, நீ கோலா கேக்குற. இன்னொண்ணு, பச்சைச் சட்னி சாது, சிவப்புதான் முரடுன்னு கணக்குப் போடாதே. கடைக்குக் கடை அது மாறும். ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டு ஊத்து.

அந்தச் சின்ன ரொட்டியை அலட்சியமாப் பாக்காதே. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவிப்புட்டு அரைச்ச மாவு அது. உங்க அத்தை வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்புதான். அது சேர்ந்தாத்தான் மாவு ஒட்டும், வாசம் வரும். சோளத்துக்குள்ள பூட்டிக் கெடக்குற நியாசின் சத்தும் அப்பத்தான் உடம்புல சேரும். ஐரோப்பாக்காரன் வந்தான், சோளத்தைத் தூக்கிட்டுப் போனான், சுண்ணாம்பை விட்டுட்டுப் போனான். இத்தாலியில, ஸ்பெயின்ல, அப்புறம் இதே அமெரிக்காவோட தெக்குப் பக்கத்துல, சோளத்தையே நம்புன ஏழைபாழைக பெல்லாக்ரான்னு சீக்கு வந்து, தோலு வெடிச்சு, புத்தி கலங்கிச் செத்தாங்க. பண்டத்தை எடுத்துட்டுப் பக்குவத்தை விட்டா அதுதான் கதி. நான் உனக்குச் சொல்ல வந்ததும் இதுதான், மாப்ளே.

பண்டத்தைத் தூக்கிட்டுப் போயும் நல்லா வாழ்ந்தவங்க இல்லையான்னு கேப்ப, நீ படிச்சவனாச்சே. உண்டு. சான் பெர்னார்டினோவுல மிட்லா கஃபேன்னு ஒரு மெக்சிகன் குடும்பத்துக் கடை, 1937-ல ஆரம்பிச்சது. அதுக்கு எதிர்ல கடை போட்டிருந்த க்ளென் பெல்லுங்கிறவர் அங்க போய்த் தின்னு தின்னு தொழிலைக் கத்துக்கிட்டார். 1962-ல டௌனியில டாக்கோ பெல்லைத் திறந்தார், அது இன்னிக்கு ஆயிரக்கணக்கான கடையாப் பெருகிக் கெடக்கு. அவருக்குக் காசு சேர்ந்துச்சு, வாஸ்தவம். ஆனா நீ கடை போடப் போறியா, வயித்துக்குத் தின்னப் போறியா? வயித்துக்குன்னா அந்த வழி உனக்கு ஆகாது.

தின்னுற பக்குவத்தையும் சொல்லிர்றேன். ‘கான் தோதோ?’ன்னு கேப்பான். வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் போடவான்னு அர்த்தம். தலையை ஆட்டு, ‘ஆனியன் ஆன் த சைடு’ன்னு ஆரம்பிக்காதே. கொடுத்ததுக்கு மேல எலுமிச்சையைப் பிழிஞ்சு, அங்கேயே, அப்பவே தின்னு. பொட்டலம் கட்டிக் கொடுக்குற கடைதானேன்னு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா, காகிதத்துக்குள்ள ஆவி அடைச்சு ரொட்டி நமத்துப் போயிரும். அப்புறம் முள்கரண்டியால கிண்டித் தின்னுட்டு, கடை சுமார்தான்னு நீ ஒரு நட்சத்திரத்தைக் குறைப்ப. கொண்டுபோய்த்தான் ஆகணும்னா கறியைத் தனியா, ரொட்டியைத் தனியாக் கேளு. வீட்டுல கல்லைக் காயவச்சு ரொட்டியைச் சூடு பண்ணிக்கலாம்.

டாக்கோவை வாய்க்குக் கொண்டுவராதே, வாயை டாக்கோகிட்டக் கொண்டுபோ. காலை அகட்டி நின்னு, இடுப்பை முன்னால வளைச்சு, தலையைச் சாய்ச்சுக் கடி. ஒழுகுறது தரையில விழும், சட்டை தப்பிக்கும். உன் முதுகு யாருக்கும் வளைஞ்சு நான் பாத்ததில்ல, அதுக்கும் ஒரு பயிற்சியாப் போகும். ஒரு டாக்கோவுக்கு ரெண்டு ரொட்டி இருக்கேன்னு கேக்காதே. மேல் ரொட்டி கிழிஞ்சா கீழ் ரொட்டி தாங்கும், சிந்துன கறியை அள்ளவும் ஆகும்.

காசு விசயத்துல மட்டும் உங்கம்மா புத்தியைக் காட்டாதே. வெள்ளைத் துணி விரிச்ச ஓட்டல்ல, டம்ளர்ல தண்ணி ஊத்துனதுக்கே நூத்துக்கு இருபது வச்சிட்டு வர்ற. இங்க ஒருத்தன் நெருப்பு முன்னால நின்னு வெட்டி, சுட்டு, மடிச்சு உன் கையில கொடுக்கிறான். உண்டியல் டப்பாவைப் பாத்ததும் உனக்குப் போன் வந்துருது. ஒரு நோட்டைப் போட்டுட்டுப் பேசு.

அந்தக் கடையில கார்டு செல்லாது, ரொக்கந்தான். மாமன் உனக்கு இவ்வளவு தூரம் வேதம் ஓதுறதுக்கும் அதுதான் காரணம். உங்க அத்தையும் மகளும் சுகர், பிரஷர்னு சொல்லி என் பையில ஒரு டாலர் விட்டுவைக்கிறதில்ல, மூணு வேளையும் ஓட்ஸ் கஞ்சிதான். சனிக்கிழமை சாயங்காலம் மாமனை நடக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வா. எனக்கு ரெண்டு லெங்குவா போதும், வெண்ணெயா வெந்திருக்கும், பல்லில்லாத வாய்க்குத் தோதா இருக்கும். சைகை காட்டுறதை நான் பாத்துக்கிறேன். நீ காசை எடுத்துட்டு வா.