வெர்ஷன் மட்டும் கேட்டுடாத பேராண்டி

ஏன்டா பேராண்டி, இந்த வாரம் பூரா அந்த மடிக்கணினியோட மல்லுக்கட்டுறியே, பாக்கவே பெருமையா இருக்கு. பூச்சோங்ல 2024 ஆகஸ்டுல சில்லு வடிவமைப்புப் பூங்கா தொறந்தாங்க. அடுத்த வருஷமே ஆர்ம் கம்பெனிக்குப் பத்து வருஷத்துல 250 மில்லியன் அமெரிக்க டாலர் தர்றதா நம்ம நாடு ஒப்பந்தம் போட்டுச்சு. இவ்வளவு பெரிய காரியம் நடக்கிறப்ப, பாசிர் பெனம்பாங் பிள்ளை ஒத்த வரி தட்டி வெர்ஷன் பாக்குறதாவது! கௌரவம் என்னாகும்?

உன் கூட்டாளி அனுப்பின கோடு அவன்கிட்ட ஓடுது, உன்கிட்ட ஓடல. உடனே நீ என்ன பண்ணணும்? கோட்டை மாத்தணும். அப்புறம் கூட்டாளியைத் திட்டணும். சில்லுக் கோட்டை ஓட்டிப் பாக்குற சிமுலேட்டர் வெரிலேட்டர்தானே, அதுகிட்ட 'வெரிலேட்டர் --வெர்ஷன்'னு மட்டும் தட்டிடாத. தட்டினா 4.038னு வந்து நிக்கும். உன் உபுண்டு 22.04 களஞ்சியத்துல கெடக்குறது அதுதானே. '--டைமிங்'னா அதுக்கு என்னன்னே தெரியாது. நீ '#5'னு தாமதம் போட்டா, "அதை நான் கண்டுக்கல"ன்னு எச்சரிக்கை வேற குடுக்கும். நீதான் எச்சரிக்கையெல்லாம் படிக்கிற சாதி இல்லையே. தாமதத்தை மதிக்கிற புத்தி 2022ல வந்த அஞ்சாம் வெர்ஷன்லதான் வந்துச்சு. பாத்தியா, பாட்டி நண்டு கழுவி முடிக்கிறதுக்குள்ள விஷயம் முடிஞ்சுபோயிடும். அப்புறம் ராத்திரி எதை வச்சுப் பெருமூச்சு விடுவ?

கேக்குறதுன்னாலும் மரியாதை தெரியணும், ஒவ்வொரு சிமுலேட்டருக்கும் ஒரு வீம்பு. ஐவெரிலாக்கிட்ட பெரிய 'வி' போட்டாத்தான் வெர்ஷன் சொல்லும். சின்ன 'வி' போட்டா சும்மா வளவளன்னு பேசும், உன் அத்தை மாதிரி. மாடல்சிம்முக்கு 'வீசிம் -வெர்ஷன்', ஒத்தை ஹைஃபன் போதும். விசிஎஸ் பெரிய மனுசன், பெரிய எழுத்துல '-ஐடி'ன்னு கேக்கணும்.

அஞ்சாம் வெர்ஷனை நேத்து நீயே கட்டி ஏத்திட்ட, அப்பவும் 4.038னே சொல்லுதுன்னு கத்துற. தோட்டத்துப் பெரட்டுல கிராணி "முனியாண்டி"ன்னு கூப்பிட்டா, லயத்துல எத்தனை முனியாண்டி இருந்தாலும் முன்னால நிக்கிறவன்தான் "ஐயா"ன்னுவான். உன் கம்ப்யூட்டர்ல அந்த வரிசைக்குப் பாத்னு பேரு. 'விச் -ஏ வெரிலேட்டர்'னு தட்டு, ரெண்டு பேரும் தலையைக் காட்டுவாங்க: பழையவன் யூஎஸ்ஆர் பின்ல, புதுசு யூஎஸ்ஆர் லோக்கல் பின்ல.

புதுசு முன்னால நின்னும் பழசே பதில் சொன்னா? பாஷ் பழைய முகவரியை மனசுல வச்சிருக்கு. 'ஹேஷ் -ஆர்' அடிச்சா மறந்துடும். இல்லேன்னா அந்த ஜன்னலை மூடிட்டுப் புதுசு தொற. நேத்து ராத்திரி நீ கோவத்துல பண்ணினியே, அதேதான். அது தானா சரியாப்போச்சு, நீ பாட்டிகிட்ட "நான்தான் சரிபண்ணேன்"னு சொல்லி ரெண்டாவது நண்டையும் வாங்கித் தின்னுட்ட.