சும்மா உட்கார்ந்திருக்கும் உரிமை கோரி

பெறுநர்
தலைவர் அவர்கள்,
சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்,
துபாய்.

பொருள்: டெஸ்ட் கிரிக்கெட்டைக் காப்பாற்றும் பணியை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பல ஆண்டுகளாகத் தாங்கள் எங்கள் மீது வைத்திருக்கும் கருணைப் பார்வை.

மதிப்பிற்குரிய ஐயா,

டெஸ்ட் கிரிக்கெட் செத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்டுவருகிறேன். அதைக் காப்பாற்றத் தாங்கள் படும் பாட்டையும் பார்த்துவருகிறேன். பந்தின் நிறத்தை மாற்றினீர்கள். பகலாட்டத்தை இரவுக்குக் கொண்டுபோனீர்கள். சட்டை முதுகில் பெயரும் எண்ணும் வந்தன. வெள்ளைச் சட்டைக்காரர்களில் யார் யார் என்று தெரியாமல் நாங்கள் அத்தனை காலம் தவித்தது தங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. இதற்கெல்லாம் நன்றி சொல்லி யாரும் கடிதம் போட்டதாகத் தெரியவில்லை. எனவே முதலில் நன்றி. அடுத்து கோரிக்கை: போதும்.

தாங்கள் அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டிவிட்டுத் திரும்ப மேசைக்குள் வைக்கும் கோப்பு ஒன்று உண்டு. ஐந்து நாளை நான்கு நாளாக்கும் கோப்பு. இந்தக் காலத்தில் ஐந்து நாள் உட்கார யாருக்கு நேரம் என்ற கவலை அதன் முதல் பக்கத்திலேயே இருக்கும் என்று ஊகிக்கிறேன். 2017 டிசம்பரில் போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்காவும் ஜிம்பாப்வேயும் நான்கு நாள் டெஸ்ட் ஒன்றை ஆடிப் பார்த்தன. இரண்டே நாளில் முடிந்தது. மிச்சமான இரண்டு நாளை யாருடைய கணக்கில் வரவு வைத்தீர்கள் என்று தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் ஒருமுறை நடந்திருக்கிறது. 1939 மார்ச்சில் டர்பனில், நாள் கணக்கே கிடையாது, முடிவு தெரியும்வரை ஆடுவது என்று இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் இறங்கின. மார்ச் 3இல் தொடங்கி 14 வரை போனது. இங்கிலாந்துக்கு இலக்கு 696. ஐந்து விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்த நேரத்தில் மழை வந்தது. ஊருக்குப் போகும் கப்பலுக்கும் நேரமாகிவிட்டது. டிரா என்று கைகொடுத்துவிட்டு மூட்டை கட்டினார்கள். ஆக, எல்லையில்லாமல் விட்டால் முடிவு வருவதில்லை. நான்கு நாள் என்று அளந்து கொடுத்தால் இரண்டு நாளில் வந்து நிற்கிறது. இந்த விளையாட்டு எந்தக் கமிட்டிக்கும் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை, ஐயா.

அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடும் முன் 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட்டின் ஸ்கோர் அட்டையைத் தாங்கள் ஒருமுறை வரவழைத்துப் பார்க்க வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றார். ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார். 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் சலைன் ஏற்றிக்கொண்டார். ஆஸ்திரேலியா ஏழு விக்கெட்டுக்கு 574. கபில்தேவின் 119 இல்லாவிட்டால் இந்தியா ஃபாலோ ஆன் ஆகியிருக்கும். நான்காம் நாள் மாலை ஆஸ்திரேலியா இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுக்கு 170.

தங்கள் திட்டப்படி அந்த மாலையே ஆட்டம் முடிந்திருக்கும். ‘ஆட்டம் டிரா, ஆஸ்திரேலியா வலுவான நிலை’ என்று மறுநாள் செய்தித்தாளில் இரண்டு வரி. அவ்வளவுதான். ஆனால் பாழாய்ப்போன ஐந்தாம் நாள் ஒன்று பாக்கி இருந்தது. ஆலன் பார்டர் 170ஓடு டிக்ளேர் செய்தார். இலக்கு 348. கவாஸ்கர் 90. அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிரெக் மேத்யூஸ் ஓயாமல் சுழற்றிக்கொண்டே இருந்தார் (அவர் யாருக்கு நேர்ந்துகொண்டு அதைப் போட்டாரோ!). கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஒரு ரன் ஓடி ஸ்கோரைச் சமன் செய்தார். அதே ஓவரின் ஐந்தாம் பந்தில் மணீந்தர் சிங்குக்கு நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். இந்தியா 347. ஆட்டம் டை. டெஸ்ட் வரலாற்றில் 1960இல் பிரிஸ்பேனில் ஒன்று, இது ஒன்று. மூன்றாவது இன்னும் வரவில்லை. பந்து பேட்டில் பட்டதா என்ற வழக்கு திருவல்லிக்கேணி டீக்கடைகளில் இன்றும் நிலுவையில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில்கூட இவ்வளவு காலம் இழுக்க மாட்டார்கள்.

அப்படி என்னதான் ஐந்து நாளும் பார்க்கிறீர்கள் என்று தங்கள் வணிகப் பிரிவினர் கேட்கக்கூடும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நேரம் ஒன்றுமே நடக்காது. பந்து வீசுபவர் ஓடி வருவார். பேட்ஸ்மேன் பந்தைத் தொடாமல் விடுவார். கீப்பர் பிடித்து ஸ்லிப்புக்குத் தட்டுவார், அது கை மாறிக் கை மாறித் திரும்பி வரும், வழியில் ஒருவர் பேண்ட்டில் தேய்த்துக் கொடுப்பார். அடுத்த பந்தும் அதேதான். ஆனால் மூன்று ஓவராக வெளியே போய்க்கொண்டிருக்கும் பந்து ஒருமுறை உள்ளே வரப்போகிறது என்று எனக்கும் தெரியும், பக்கத்து இருக்கைப் பெரியவருக்கும் தெரியும், ஷார்ட் லெக்கில் குனிந்து நிற்கும் பையனுக்கும் தெரியும். பேட்ஸ்மேனுக்கும் தெரியும், எந்தப் பந்து என்பதுதான் தெரியாது. காசு கொடுத்து நாங்கள் வாங்குவது அந்த மூன்று ஓவரைத்தான். தாங்கள் வெட்டி எறியப் பார்ப்பதும் அதைத்தான். ஸ்டம்ப் பறப்பது ஹைலைட்ஸில் இலவசமாகவே வருகிறது.

சேப்பாக்கத்தில் பிற்பகல் ஆனால் கடல்காற்று எழும்பும். அது வந்ததும் கேப்டன் எந்த முனையிலிருந்து யாரைப் போடச் சொல்வார் என்று மேல் வரிசையில் ஒரு விவாதம் தொடங்கும். கேப்டன் வேறு யாரையோ போடுவார். ‘இவனுக்கு என்ன தெரியும்’ என்று ஒரு தீர்ப்பு வரும். டிபன் டப்பாவை வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவதால் சோற்றைப் பங்கிட வழியில்லை. குடும்பக் கதைகளைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள் ‘சார்’ என்று கூப்பிட்டவர் மூன்றாம் நாள் ‘அண்ணே’ என்பார். நேரில் பார்க்க முடியாத காலத்தில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் வானொலி வர்ணனையே எங்களுக்கு மைதானமாக இருந்தது. மெய்டன் ஓவரைக்கூடக் காதால் ரசித்தவர்கள் நாங்கள்.

இப்படிப் பல நாள் உட்காருவதால் ஒரு பக்க விளைவும் உண்டு. 1999 ஜனவரியில் இதே மைதானத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். இலக்கு 271. முதுகுவலியோடு சச்சின் 136. அவர் போனபோது ஸ்கோர் 254. அதற்குமேல் நான்கே ரன்னில் கதை முடிந்தது. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பெருந்தன்மை என்று இதைப் பத்திரிகைகள் எழுதின. எனக்கு அது முழுக்கப் பெருந்தன்மையாகத் தெரியவில்லை. நான்கு நாளாக வெயிலில் சக்லைன் முஷ்டாக் என்ன செய்தார் என்று பந்து பந்தாகப் பார்த்தவனால் கைதட்டாமல் இருக்க முடியாது. மூன்றரை மணி நேரத்தில் முடியும் ஆட்டத்தில் எதிரியை எதிரியாக வைத்துக்கொள்வது சுலபம்.

ஐயா, எங்கள் இன்னொரு குற்றத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். முடிவே இல்லாமல் முடியும் ஆட்டத்தைக் கொண்டாடுகிறோம். 2021 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு இலக்கு 407. தொடைத்தசை கிழிந்த விஹாரி 161 பந்தில் 23. காலையில் ஷூ கயிற்றைக் குனிந்து கட்ட முடியாத முதுகுவலியோடு வந்த அஸ்வின் 128 பந்தில் 39. இரண்டு பேரும் 40 ஓவருக்கு மேல் கட்டை போட்டார்கள். ஸ்டம்ப் மைக்கில் தமிழ் கேட்டது. டிரா! தங்கள் வரவு செலவுக் கணக்கில் அது ஒரு பூஜ்யம். எங்கள் ஊரில் அன்று பலர் அலுவலகத்தில் வேலை செய்யவில்லை. பிரிஸ்பேனில் நடந்த அடுத்த டெஸ்ட்டில், வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போன சின்னப்பம்பட்டி நடராஜன் டெஸ்ட் தொப்பி வாங்கினார். வாஷிங்டன் சுந்தரும் அங்கேதான் அறிமுகம். புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்து நின்ற பிறகுதான் பந்த் அடித்த 89க்கு அர்த்தம் வந்தது. 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத மைதானத்தில் தோற்றது.

2025 ஜூலையில் மான்செஸ்டரில் இதைவிட அழகான ஒன்று நடந்தது. இந்தியா இரண்டாம் இன்னிங்ஸைத் தொடங்கி ரன்னே எடுக்காமல் இரண்டு விக்கெட்டை இழந்தது. அப்போது 311 ரன் பின்தங்கியிருந்தது. ஐந்தாம் நாள் மாலை ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் சதத்தை நெருங்கிக்கொண்டிருக்க, ‘போதுமப்பா’ என்று பென் ஸ்டோக்ஸ் கை நீட்டினார். இவர்கள் கொடுக்கவில்லை. ஸ்டோக்ஸ் ஹாரி புரூக்கின் கையில் பந்தைத் திணித்து, வேண்டுமென்றே விளையாட்டாகப் போட வைத்தார். ஜடேஜா, சுந்தர் இருவரும் சதம் அடித்தார்கள். பிறகு கை குலுக்கினார்கள். கை குலுக்க மறுப்பதே உச்சக்கட்டமாக அமையும் வேறு விளையாட்டு ஏதாவது தங்கள் கைவசம் இருந்தால் தெரிவிக்கவும். பார்க்கத் தயாராக இருக்கிறோம்.

இனி நிர்வாகக் குறைகளுக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு 90 ஓவர் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்கிறார்கள். அரை மணி நேரம் கூடுதலாக ஆடியும் பல நாள் 90 வருவதில்லை. மளிகைக்கடையில் கிலோவுக்கு 50 கிராம் குறைந்தால் முத்திரை ஆய்வாளர் வந்து தராசைத் தூக்கிப்போய்விடுவார். இங்கே அபராதம் உண்டுதான். வீரரின் சம்பளத்தில் பிடிப்பீர்கள், அணியின் புள்ளியைக் குறைப்பீர்கள். குறைந்த ஓவரைக் காசு கொடுத்தவனுக்குத் தரும் விதி மட்டும் கிடையாது. அப்புறம் அந்த வெளிச்சக் குறைவு. மைதானத்தில் விளக்கெல்லாம் எரியும், நடுவர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள், எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். வெளிச்சம் போதாது என்று நாங்கள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து யோசிப்போம்.

எல்லாவற்றையும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 2025 நவம்பரில் குவாஹாட்டியில் சூரியன் சீக்கிரம் மறைகிறது என்று 11 மணிக்கு டீயும் அதன்பின் சாப்பாடும் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேலான டெஸ்ட் வரலாற்றில் தமிழக அலுவலகங்களின் நடைமுறையை ஒட்டி எடுக்கப்பட்ட ஒரே முடிவு இது. வரவேற்கிறேன். இந்தியா 408 ரன்னில் தோற்றது. அதற்கு டீ பொறுப்பல்ல.

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் புள்ளிப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் டெஸ்ட் முடிந்தால் ‘யாரு ஜெயிச்சா?’ என்று கேட்பார்கள். இப்போது ‘பர்சென்டேஜ் என்ன ஆச்சு?’ என்கிறார்கள். 2025இல் லார்ட்ஸில் இங்கிலாந்து 22 ரன்னில் ஜெயித்தது. ஓவர் மெதுவாகப் போட்டதற்காக இரண்டு புள்ளி வெட்டினீர்கள், 66.67 சதவீதம் 61.11 ஆனது. சிராஜ் தடுத்த பந்து உருண்டு போய் ஸ்டம்ப்பைத் தொட்ட துக்கத்திலிருந்து நாங்கள் மீள்வதற்குள் தசம ஸ்தானம் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

ஆனால் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இரண்டு டெஸ்ட் தொடர்களைப் பார்த்துத்தான். இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றும் தங்களுக்குள் ஐந்து ஐந்தாக ஆடிக்கொள்கின்றன. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு. 2024 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா தன் முன்னணி ஆட்களை உள்ளூர் டி20 லீக்குக்கு வைத்துக்கொண்டு, ஒரு டெஸ்ட் கூட ஆடாத ஒருவரைக் கேப்டனாக்கி நியூஸிலாந்துக்கு அனுப்பியது. டெஸ்ட் ஆடினால் நஷ்டம், லீக் நடத்தினால் பிழைப்பு என்று கணக்கு அப்படி. அதே தென்னாப்பிரிக்கா, முழுக்க இரண்டு டெஸ்ட் தொடர்களாகவே ஆடி, 2025 ஜூனில் லார்ட்ஸில் தங்கள் சாம்பியன்ஷிப் கதாயுதத்தை வாங்கிப் போனது. மார்க்ரம் 136, பவுமா நொண்டிக்கொண்டே ரன் ஓடினார். இப்பேர்ப்பட்ட அணிக்கு மூன்றாவது டெஸ்ட் கொடுக்கக் காசில்லை என்கிறீர்கள். தங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எங்கள் வாரியத்துக்குத்தான் வருகிறது என்று செய்தித்தாள்கள் சொல்கின்றன. எங்கள் வீட்டுக்கே வரும் பணம் என்பதால் இதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்கிறேன்: அதில் ஒரு பகுதியை மேற்கிந்தியத் தீவுகளும் இலங்கையும் தென்னாப்பிரிக்காவும் மூன்றாவது டெஸ்ட் ஆடுவதற்குத் தந்தால் என்ன?

ரசிகர்கள் வரமாட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2024 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்கானிஸ்தானும் நியூஸிலாந்தும் ஆடவிருந்த டெஸ்ட்டில் ஐந்து நாளும் ஒரு பந்துகூட விழவில்லை. மின்விசிறியை வைத்து மைதானத்தைக் காயவைத்துப் பார்த்தார்கள். அதையும் நாங்கள் ஐந்து நாள் தொடர்ந்து கவனித்தோம். நடுவர்கள் காலை வைத்து அழுத்திப் பார்த்த இடங்கள்கூட எங்களுக்கு மனப்பாடம். இப்படிப்பட்ட வாடிக்கையாளர் வேறு எந்த வியாபாரத்துக்குக் கிடைப்பார்?

ஆகவே வேண்டிக்கொள்வது இதுதான். பந்துக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் அடியுங்கள், டீயை எப்போது வேண்டுமானாலும் வையுங்கள், சதவீதத்தை நான்கு தசம ஸ்தானம் வரை கொண்டுபோங்கள். ஐந்தாம் நாளில் மட்டும் கைவைக்காதீர்கள். அடுத்த அட்டவணையில் எல்லா நாடுகளுக்கும் மூன்று டெஸ்ட்டாவது ஒதுக்கித் தாருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சேப்பாக்கத்து ரசிகன்.