எரிப்பும் குளிர்த்தியும்

என் சிநேகிதர் ஒருவர் தினந்தோறும் காலை ஏழரை மணிக்குள் 812 கலோரியை எரித்து முடித்துவிடுகிறார். மாரி காலத்தில் அது 790 ஆகக் குறைவதும், விடுமுறை நாளில் 830 வரை உயர்வதும் உண்டென்றாலும், சராசரி 812 என்பதை அவரே கூட்டிப் பிரித்துப் பார்த்து எனக்குச் சொல்லியிருக்கிறார். எரித்து முடித்த செய்தி, மணிக்கூட்டு முகத்தின் படத்தோடு எங்கள் வாட்ஸ்அப் குழுவிலே பிரகடனமாகும். அவர் நீங்கலாக அங்கே உள்ள பதினொரு பேரில் பத்துப் பேர் பெருவிரலை உயர்த்திக் காட்டி அதனை அங்கீகரிப்பார்கள். பெருவிரல் காட்டாத பதினோராவது பாவி நான். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்திலே கணிதம் படிப்பித்துவிட்டு, பிழையான விடைக்குச் சரி போடுவதென்பது, விரதகாரன் கருவாட்டுக் கறிக்கு உப்புப் பார்ப்பது போல, என் மனம் ஒப்பாத காரியம்.

அவரை அறிந்தவர்கள் அவரிடம் பொய்யை எதிர்பார்க்க மாட்டார்கள். உத்தியோக காலத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றிலே சிறாப்பராக இருந்தவர். ஐந்து சதம் இடறிய வவுச்சரைத் திருப்பி அனுப்பி, ஒரு மதகு வேலையை மாரி முடியும்வரை அப்படியே நிற்க வைத்தவர் என்ற கீர்த்தி இன்றைக்கும் அவருக்கு உண்டு. பிறர் பணத்தில் அத்தனை சிரத்தை காட்டிய அந்த மனிதர், தமது தேகத்தின் வரவுசெலவு என்று வரும்போது மாத்திரம், ஊதாரிப் பிள்ளைக்காகத் தகப்பனிடம் கணக்கை மூடிமறைக்கும் தாயைப்போல ஏன் மாறிவிடுகிறார் என்பதே நெடுநாளாக என்னை வாட்டிய விசாரம்.

வெள்ளாப்பிலே, கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளாரின் சமாதி இருக்கும் பக்கத்திலிருந்து புறப்பட்டு, 1924ஆம் ஆண்டிலே தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயரால் திறக்கப்பெற்று, 2013இல் பக்கத்தே புதிய பாலம் வந்தபின் வாகனங்களின் பாரம் குறைந்து முதுமையை நிம்மதியாக அநுபவித்துக்கொண்டிருக்கும் பழைய பாலத்தின் மீது ஏறி, அங்கே தூண்டில் போட்டிருப்பவர்களிடம் “என்ன பட்டுது?” என்று ஒரு வார்த்தை விசாரித்து, அரசடி வழியாகக் காந்தி பூங்காவுக்குப் போய், வாவியை நோக்கி ஒரு வாங்கிலே அமர்ந்து நாட்டு நடப்பை அரைமணி நேரம் கண்டித்துவிட்டு, போன வழியே திரும்பி வருவது அவருடைய நித்திய அனுஷ்டானம். கூட்டிப் பார்த்தால் ஐந்து கிலோமீற்றருக்கு மேல் போகாது. இதை மலையேற்றம் என்று சொல்ல உலகத்திலே ஒருவராலும் இயலாது, அவரால் இயலும்.

அந்த மணிக்கூடு கனடாவிலிருந்து மகன் அனுப்பியது. புறப்படும்போது, எவ்விதமான தேகப்பயிற்சி என்று அது பணிவுடன் கேட்கும். நடை என்பது முதலிலேயே இருக்கிறது. இவர் அதைத் தொடுவதில்லை. விரலால் நாலு தரம் தள்ளினால் மலையேற்றம் என்று ஒன்று வரும், அதைத்தான் அமுக்குகிறார். எழுவான்கரையிலே மலை ஏது, மலை பார்க்க வேண்டுமானால் வாவி தாண்டி, வயல் தாண்டி, குடும்பிமலை வரைக்கும் அல்லவா போகவேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். “பாலத்தில ஏறக்குள்ள மூச்சு வாங்குது மச்சான்; அது மேடில்லாம மறுகா என்ன?” என்றார். வாங்கில் அமர்ந்த பிறகும் மணிக்கூட்டை நிறுத்துவதில்லை. அரசியல் பேசும்போது தமக்கு இரத்தம் கொதிப்பதாகவும், கொதிப்பதும் எரிவதுதான் என்றும் அவர் கருதுகிறார்.

நான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ நீரின் சூட்டை ஒரு பாகை உயர்த்தப் போதிய வெப்பமே இந்தக் கலோரி. இருநூறு வருஷத்துக்கு முன்னர் நீராவி யந்திரத்தைப் பற்றிப் பாடஞ்சொன்ன நிக்கொலா கிளெமோன் என்ற பிரெஞ்சுக்காரர் வழக்கிற் கொண்டுவந்த அளவு அது. பின்னர் 1890களில் அமெரிக்காவிலே வில்பர் அற்வாற்றர் என்பவர், மனிதரைச் செப்புத் தகடு வேய்ந்த அறைக்குள் நாட்கணக்கில் இருத்தி, உண்ணக் கொடுத்து, அவர்கள் மேனியிலிருந்து எழும் சூட்டை அளந்து, அதே அளவை மனித தேகத்துக்கும் பொருத்தினார். சும்மா கிடக்கும் தேகமுங்கூட, கிலோ நிறைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி வீதம் எரித்துக்கொண்டே இருக்கும் என்பது கணக்கு. என் சிநேகிதர் எண்பது கிலோ. ஆகவே பாயிலே புரண்டு படுத்திருந்தாலும் மணிக்கு எண்பது அவர் பெயரில் விழுந்துகொண்டுதான் இருக்கும். சாதாரண நடைக்கு அதைப்போல் மூன்றரை மடங்கு என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 280. படுத்திருந்தாலும் விழக்கூடிய 80ஐ அதிலிருந்து கழித்தால், எழுந்து நடந்த புண்ணியம் 200. மிச்சம் 612, மலையேற்றப் பொத்தானாலும் வாங்கிலிருந்து கண்டித்த அரசியலாலும் சம்பாதித்தது.

யந்திரத்தின் நேர்மையும் அப்படியொன்றும் மெச்சத்தக்கதன்று. ஒருநாள் அவர் குளிக்கப் போகையில் கழற்றி வைத்த மணிக்கூட்டை, அவருடைய மனைவியார் விளையாட்டாகக் கையிலே கட்டிக்கொண்டு, திருவலையில் இருந்து தேங்காய் திருவியிருக்கிறார். பாதித் தேங்காய் முடிவதற்குள் அவர் நானூறு அடி நடந்துவிட்டதாக மணிக்கூடு சாட்சி சொல்லிற்று. கையின் அசைவைக் கொண்டு காலின் நடையை ஊகிக்கும் யந்திரம் வேறென்ன சொல்லும்? இந்தப் பிரமாணத்தின்படி, புட்டுக்கும் சொதிக்குமாக நாற்பது வருஷம் திருவிய அந்த அம்மையார், இருந்த இடத்தை விட்டு அசையாமலே கதிர்காமத்துக்கு எத்தனை முறை பாதயாத்திரை போய்வந்திருப்பாரோ! இதில் நான் முக்கியமாகக் கவனித்தது வேறு: மனைவியின் அந்த நானூறு அடியைச் சிறாப்பர் தமது கணக்கிலிருந்து நீக்கவில்லை. குழுவிலே இன்னொரு இளைஞர் இருக்கிறார். உதயதேவி ரயிலிலே கொழும்புக்குப் போனால், யன்னலோரம் தூங்கிக்கொண்டே, வண்டியின் குலுக்கலுக்கும் சேர்த்து நடந்து முடித்துவிடுவார். பத்தாயிரம் அடி என்ற இலக்கே, 1965இல் ஜப்பானிய கம்பெனி ஒன்று தனது அடிமானிக்கு வைத்த பெயரிலிருந்து பரவியது என்பதை அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அந்தச் செய்திக்கும் பத்துப் பெருவிரல் கிடைத்தது.

இவ்வளவோடு நின்றால் நானும் பேசாதிருந்திருப்பேன். எரிப்பை அடுத்துக் குளிர்த்தி வருகிறது. எங்கள் பகுதியிலே கண்ணகை அம்மனுக்கு வைகாசி மாதத்தில் குளிர்த்திச் சடங்கு செய்வார்கள். மதுரையை எரித்து வந்த உக்கிரம் தணிய அம்மனைக் குளிர்விப்பது அதன் தாற்பரியம். அம்மனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை போதும். என் சிநேகிதருக்கோ, எரிப்பு தினசரி நடப்பதால் குளிர்த்தியும் தினசரி தேவைப்படுகிறது. பாலத்துக்கு இப்பால் உள்ள தேத்தண்ணிக் கடையில் அது தொடங்கும். ரின்பால் ஊற்றி இழுத்த தேத்தண்ணி ஒன்று. கடலை வடை இரண்டு. வீட்டுக்குப் போனபின் எருமைத் தயிரும் பாணியும். வடையை எடுக்குமுன், காசோலை எழுதுமுன் வங்கி மீதியைப் பார்ப்பவரைப்போல, மணிக்கூட்டை ஒருமுறை பார்ப்பார். பிறகு, பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளிலே வடையை வைத்து மடித்து, உள்ளங்கைகளுக்கிடையில் அமுக்குவார். தாள் மெல்ல மெல்லக் கண்ணாடியாகி, மறுபக்கத்து எழுத்தெல்லாம் இப்பக்கம் தெரியும். “கடதாசி குடிச்ச எண்ணெய் நம்மட கணக்கில இல்ல” என்பார். கொழுப்பு கிராமுக்கு ஒன்பது, சீனி கிராமுக்கு நாலு என்று அற்வாற்றர் விதித்த வாய்பாட்டை நான் எடுத்துச் சொன்னால், எண்ணூறில் நூறு போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பார். 812ஐ நம்பினால் அது நியாயமான கேள்வியே. உள்ளது 200தான் என்றால், அந்தத் தேத்தண்ணிக் கடையிலேயே அவர் கடன்காரராகிவிடுகிறார்.

அந்தத் தயிரைக் கொண்டுவருபவர் வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைக்காரர். முன்பெல்லாம் மண்முனைத் துறையில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்தவர். 2014இல் அங்கே பாலம் திறந்தபின், கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து துவிச்சக்கரவண்டியிலே சட்டிகளைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் உடையாமல், வெயில் ஏறுமுன் கல்லடிக்கு வந்துவிடுகிறார். அவருடைய உழைப்பை வியந்து, இந்தப் பயணத்துக்கு எத்தனை கலோரி எரியுமென்று நினைக்கிறீர் என்று என் சிநேகிதர் ஒருநாள் வினவினார். “எத்தின சட்டியெண்டு கேளுங்க ஐயா, சொல்லுவன். இண்டைக்குப் பதினெட்டு” என்றார் அவர்.

திருத்துவதா, விடுவதா? சிநேக தர்மத்தைக் காட்டிலும் பழமையான தர்மசங்கடம் இது. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் ஆசனத்தில் அமர்த்தலாம் என்று வள்ளுவரே இளகியிருக்கிறார். ஆனால் குற்றமற்ற என்ற அந்த நிபந்தனைக்குள் இரண்டு கடலை வடை அடங்குமா என்பதை அவர் விளக்கவில்லை. ஊருக்குள்ளேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1848இலே எமர்சன் ரெனன்ற் என்ற பிரித்தானிய உத்தியோகத்தர் இந்த வாவியில் இரவிலே வள்ளத்தில் போய், நீருக்கடியிலிருந்து எழும் நாதத்தைத் தம் காதாரக் கேட்டு, 1859இல் வெளிவந்த தமது நூலில் எழுதிவைத்தார். அப்போது மீனவர்கள் அவருக்குச் சொன்னது, பாடுவது மீனன்று, ஊரி என்பதே. தண்ணீருக்குள் கிடக்கும் அந்தச் சிறு சங்கினத்துக்குச் சேரவேண்டிய கீர்த்தியை எப்படியோ மீன் அபகரித்துக்கொண்டது. ஊருக்கும் மீன்பாடும் தேன்நாடு என்று பெயராயிற்று. அதன்பிறகு எந்தக் கணித ஆசிரியனாவது எழுந்து, ஊரி பாடும் நாடு என்று திருத்தவேண்டும் என்று வாதித்தானா? நான் வாதிக்கவில்லை. பௌர்ணமி இரவிலே விருந்தாளிகளைப் பாலத்துக்கு அழைத்துப் போய், “கேளுங்க, மீன் பாடுது” என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒன்றும் கேட்காத விருந்தாளிகளும் தலையசைத்திருக்கிறார்கள்.

இப்படியெல்லாம் நிதானமாகச் சிந்தித்தவன், அடுத்த நாளே நிதானம் இழந்தேன். காரணத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன்: என் மகளும் எனக்கொரு மணிக்கூடு வாங்கித் தந்திருந்தாள், அதே பாதையிலே, அதே வேகத்திலே, அவர் பக்கத்திலேயே நடந்த எனக்கு அது 190 என்று காட்டிற்று. சத்தியத்தின் மீது எனக்கிருந்த பக்தி அன்று காலை சற்று மிகுதியாகவே பொங்கியதற்கு இது காரணமாயிருக்கலாம். தேத்தண்ணிக் கடையிலே, வடை மடித்த தாளையே விரித்து, எண்ணெய் படாத மூலையில், 280 போட்டு, 80 கழித்து, 200 என்று கீழே இரட்டைக் கோடு இழுத்து அவர் முன் வைத்தேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். வழியிலே எங்கும் பிழை இல்லை என்பது சிறாப்பருக்கு விளங்காமலா போகும்? தேத்தண்ணியைப் பாதியில் விட்டு எழுந்து போனார். வடையை விடவில்லை.

மூன்று நாள் குழுவிலே பிரகடனம் இல்லை. நான்காம் நாள் அவர் மனைவியார் எங்கள் வளவு வாசலில் வந்து நின்றார். “என்னண்ணே சொன்னீங்க அந்த மனிசனுக்கு? கட்டில விட்டு இறங்கிறாரில்ல. நடக்கப் போங்களன் எண்டா, இருநூறுக்காகவா போற எண்டு கேக்கிறார். தயிர் மட்டும் நிண்டபாடில்ல.”

போனேன். கட்டிலிலே முகட்டைப் பார்த்துப் படுத்திருந்தார். மணிக்கூடு மேசையில் கிடந்தது. என்னிடம் அதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று இருந்தது. தன்சானியாவிலே வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் நாள்முழுதும் நடந்து திரியும் ஹட்சா மக்கள், ஒரு நாளில் எரிக்கும் மொத்தக் கலோரி, நாற்காலியில் அமர்ந்திருக்கும் மேல்நாட்டாருடையதற்கு ஏறக்குறையச் சமமாகவே இருக்கிறது என்று ஹேர்மன் பொன்ற்சர் என்பவரும் அவருடைய குழுவினரும் 2012இல் கண்டு எழுதியிருக்கிறார்கள். அதைச் சொன்னால் ஆள் இனிமேல் எழும்பவே மாட்டார் என்று அஞ்சி, உள்ளேயே வைத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக, ஆறுதல் போலத் தோன்றக்கூடிய வேறோர் உண்மையைத் தேடி எடுத்தேன்: 2017இல் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் அறுபது பேருக்கு ஏழு வகை மணிக்கூடுகளைக் கட்டிப் பரிசோதித்தபோது, இதயத்துடிப்பை ஆறு மணிக்கூடுகள் ஓரளவு செம்மையாக எண்ணினவென்றும், கலோரிக் கணக்கில் ஒன்றுகூடத் தேறவில்லையென்றும், மிகச் சிறந்ததற்கே 27 சதவீதப் பிழை, மிக மோசமானதற்கு 93 சதவீதப் பிழை என்றும் சொன்னேன். பிழை மணிக்கூட்டினுடையது, உம்முடையதன்று என்பது நான் உணர்த்த விரும்பியது.

அவர் தலையை மெல்லத் திருப்பினார். “கூட்டியா காட்டும், குறைச்சா காட்டும்?”

“அது ஆளுக்கு ஆள், மணிக்கூட்டுக்கு மணிக்கூடு மாறும்.”

“அப்ப குறைச்சுக் காட்டவும் ஏலும்.”

“ஏலும்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் குழுவிலே பிரகடனம் வந்தது: இன்றைய எரிப்பு 1031.24. அதன் கீழே, 27 சதவீதத் திருத்தம் சேர்த்து என்று ஒரு குறிப்பு. பத்துப் பெருவிரல்கள் மேலெழுந்தன. நான் பேனையை எடுத்து, மின்சாரக் கட்டணச் சிட்டையின் பின்புறத்திலே, 812ஐ 1.27ஆல் பெருக்கிப் பார்த்தேன். தசமதானம் உட்பட விடை சரி. பெருவிரலை உயர்த்தினேன்.