சுருட்டுக்கடையில் ஒரு சுவாமி

இத்தாலிக்கு மிசனரியாகப் போகிறேன் என்று நான் சொன்னபோது மண்டூரில் ஒருவரும் நம்பவில்லை. ஊரில் பெரும்பாலோர் சைவர்; எங்களைப் போல வேதக்கார வீடுகள் சில. ஆனால் உலக விசயம் எல்லாருக்கும் அத்துப்படி. “போப்பாண்டவர் இருக்கிற இடத்துக்கு நீ என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறாய் மனே? கொல்லன் தெருவில ஊசி விக்கிற வேலதானே இது?” என்று மாமா கேட்டார். குருமண்வெளித் துறையில் பாதைப்படகு ஏறும்போது, மோட்டார் சைக்கிள்களை நெருக்கி அடுக்கிக்கொண்டிருந்தவரும் அதையே கேட்டார். வாவியின் அக்கரை போய்ச் சேரும்வரை நான் விளக்கம் சொன்னேன். இறங்கும்போது அவர் சொன்னது: “சரி, போயிட்டு வாங்க. சம்பளம் யூரோவிலதானே?”

சம்பளத்தை விட்டுவிடுவோம். விசயம் இதுதான். இத்தாலியில் கோவில்களுக்குக் குறைவில்லை, சாமியார்களுக்குத்தான் குறை. இருக்கிறவர்களுக்கும் வயது போய்விட்டது. குருமடங்களில் கட்டில்கள் காலி. ஆகவே அங்குள்ள ஆயர்கள் கேரளா, நைஜீரியா, கொங்கோ, இலங்கை என்று ஆள் தேடுகிறார்கள். அந்தத் தேடலில் அகப்பட்ட மட்டக்களப்பான் நான். சிசிலித் தீவில், பலெர்மோ நகருக்குப் பக்கத்தில் ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தை.

கணக்குப் பார்த்தால் இது பழைய கடன். இத்தாலியில் 1577இல் பிறந்த நொபிலி சுவாமி 1606இல் மதுரைக்கு வந்தார். காவி கட்டினார், பாதக்குறடு போட்டார், இறைச்சியை விட்டார், தத்துவபோதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிறகு பெஸ்கி சுவாமி வந்தார், நம்முடைய வீரமாமுனிவர். தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார், அதுவும் போதாதென்று பரமார்த்த குருவின் கதையை எழுதி, சீடர் வைத்திருக்கும் சாமியார்கள் எல்லாரையும் முன்னூறு வருசத்துக்குத் தலைகுனிய வைத்தார். அவர் பிறந்த நாட்டில் இத்தனை வருசம் இருந்து நான் இத்தாலிய மொழிக்குச் செய்த தொண்டு, ‘நாளை தண்ணீர் வராது’ என்று கோவில் வாசலில் ஒட்டிய அறிவித்தல்தான். அதையும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சிவப்புப் பேனையால் நடை திருத்திவிட்டுப் போனார்.

எங்கள் மட்டக்களப்புக்கு வந்தவர்களும் சும்மா வந்தவர்கள் இல்லை. 1814இல் வந்த மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட், வந்து ஒரு வருசம் முடியமுதலே இறந்துபோனார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. கத்தோலிக்கர் பக்கம் முதலில் பிரெஞ்சு யேசுசபையார், பிறகு அமெரிக்க யேசுசபையார். அவர்களில் வெபர் சுவாமியின் பெயரில் நகரத்தில் விளையாட்டு மைதானமே இருக்கிறது. என் பெயரில் இத்தாலியில் என்ன மிஞ்சும் என்று யோசித்தால், ஒரு சுருட்டுக்கடையின் வாசற்படிதான் ஞாபகம் வருகிறது.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பலெர்மோவில் தமிழர் எண்பதுகளிலிருந்து இருக்கிறார்கள். அநேகர் வீட்டு வேலையும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் செய்கிறவர்கள். இலங்கையர் இத்தாலி முழுவதிலும் இலட்சத்துக்கு மேல். ஆனால் தமிழ்க் குரல் கேட்க வேண்டுமென்றால் சிசிலிக்குத்தான் வரவேண்டும். அவர்களுக்குத் தமிழ் தெரிந்த சாமியார் ஒருவர் அகப்பட்டால் என்ன செய்வார்கள்? ஞாயிறு பூசை முடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நிற்கும் என்று நினைத்தேன். வரிசை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு படிவம்.

வதிவிட அனுமதி புதுப்பிக்க வேண்டுமென்றால் தபாற்கந்தோரில் ஒரு பெரிய உறை தருவார்கள். உள்ளே கட்டம் கட்டமாகப் பக்கங்கள். அதை நிரப்பி, 16 யூரோ முத்திரை ஒட்டி, தபாற்கந்தோரிலேயே கொடுத்து, அவர்கள் சொல்கிற நாளில் பொலிசுக்குப் போய் விரலடையாளம் வைத்து, பிறகு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். என்னுடைய அனுமதியும் அங்கேதான் கிடக்கிறது. இதில் வேடிக்கை அந்த 16 யூரோ முத்திரை. இத்தாலியில் அதை விற்பது சுருட்டுக்கடை. சிகரெட், லொத்தர் சீட்டு, பஸ் டிக்கெட், அரசாங்க முத்திரை எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள்.

படிவக்காரருக்கு முத்திரை வாங்க நான் கிழமையில் பல தரம் அங்கியோடு அந்தக் கடைக்குள் போய் வருவதைக் கோவில் பாட்டிமார் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தவக்காலம் தொடங்கியதும் அவர்களில் ஒருவர் தனியாக வந்து, தன் புருசன் சுவாசப்பையால் எப்படிச் செத்தார் என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். ஆறுதல் தேடுகிறார் என்று நினைத்து நானும் உருக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் என் கையைப் பிடித்து, “சுவாமி, உங்களுக்காக நவநாள் தொடங்கியிருக்கிறோம். இந்த நாற்பது நாளாவது விட்டுப் பாருங்கள்” என்றார். நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவருடைய புருசனும் அப்படித்தான் சொன்னாராம்.

அடுத்தது வரி இலக்கம். பதினாறு எழுத்து. அது இல்லாமல் அந்த நாட்டில் வாடகைக்கு வீடு எடுக்க முடியாது, வைத்தியரிடம் பதியவும் முடியாது. குடும்பப் பெயரிலிருந்து மூன்றெழுத்து, சொந்தப் பெயரிலிருந்து மூன்றெழுத்து, பிறந்த வருசம், மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு திகதி. பெண்ணென்றால் திகதியோடு 40 கூட்டிப் போடுவார்கள். வெல்லாவெளி அக்கா ஒருவர் ஐந்தாம் திகதி பிறந்தவர். அட்டையில் 45 என்று இருந்தது. “சுவாமி, என்ர வயசக் கூட்டிப் போட்டிருக்கானுகள்” என்று கொதித்து வந்தார். வயது இல்லையக்கா, திகதி என்றேன். “மாசத்தில நாப்பத்தஞ்சு நாள் எந்த ஊரில வருது?” என்றார். இத்தாலிய அரசாங்கத்தின் சார்பில் என்னிடம் பதில் இருக்கவில்லை.

அதற்கடுத்து வருவது பிறந்த இடத்தின் குறியீடு. இலங்கையில் பிறந்தவர் எல்லாருக்கும் இசட் 209. சிங்களவர், தமிழர், முஸ்லிம், எழுவான்கரை, படுவான்கரை என்ற பேதமே இல்லை. நாங்கள் 26 வருசம் அடிபட்டுத் தீர்க்க முடியாத விசயத்தை வரித் திணைக்களம் நாலெழுத்தில் முடித்துவிட்டது.

இனி என் உத்தியோகபூர்வ வேலைக்கு வருகிறேன். காலைப் பூசைக்கு வருவது பாட்டிமார். அவர்களில் நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவது நம்முடைய அக்காமார். இதில் பாதிப்பேர் சைவம். நெற்றியில் திருநீறு, கையில் பாட்டியின் செபமாலை. வருசக்கணக்காகத் தினமும் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு இத்தாலியச் செபங்கள் எல்லாம் மனப்பாடம். செபமாலை சொல்லும்போது பாட்டி இடையில் கண்ணயர்ந்தால், களுவாஞ்சிக்குடி அக்கா விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார். என் உச்சரிப்பு வழுக்கும் இடத்தில் எனக்கும் அடியெடுத்துக் கொடுப்பார். இத்தாலியக் கோவில்களை இன்று தாங்கிப் பிடிப்பது என்னைப் போல வந்திறங்கிய சாமியார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் பலிபீடத்தில் நின்று பார்க்கிறவன். தாங்குவது அந்த நாற்காலிகளைத் தள்ளுகிற கைகள்.

பாஸ்காக் காலத்தில் வீடு மந்திரிக்கப் போகவேண்டும். மாடி வீடுகளின் கீழ்ச்சுவரில் ‘இன்ன நாள் சாமியார் வருவார்’ என்று முன்கூட்டியே ஒட்டிவிடுவார்கள். தீர்த்தச் செம்போடு படி ஏறினால் ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்னக் கோப்பை, அடியில் இரண்டு மிடறு கறுப்புக் கோப்பி. வேண்டாமென்றால் அந்த வீட்டை அவமதித்த மாதிரி. மேல்மாடி போய்ச் சேரும்போது கை நடுங்கும். தீர்த்தம் தானாகவே தெறிக்கும். போன வீட்டில் குடித்தீர்கள், எங்கள் வீட்டில் குடிக்கமாட்டீர்களா என்ற மனத்தாங்கலை நான் சிசிலியில் புதிதாகக் கற்கவில்லை. மண்டூரில் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த வீட்டைத் தாண்டிப் பாருங்கள்.

சாவீட்டு விசயத்திலும் இரண்டு ஊருக்கும் ஒற்றுமை உண்டு. மட்டக்களப்பு மதில்களில் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவது போல அங்கும் இறந்தவரின் பெயரை அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டுகிறார்கள். ஆனால் முதல் அடக்கப் பூசையில் நான் திகைத்துவிட்டேன். பெட்டியைத் தூக்கி வாசலைத் தாண்டியதும் கூட்டம் முழுவதும் கைதட்டியது. யாரோ அமைச்சர் வருகிறார் என்று நான் எட்டிப் பார்த்தேன். இல்லை, போகிறவருக்குத்தான். வாழ்ந்து முடித்ததற்கு மரியாதையாம். அம்மாவுக்கு ரெலிபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “மறுகா அந்த மனிசன் எழும்பிப் பாத்ததா?” என்றார்.

அம்மாவுக்கு என் வேலையில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். சனவரி 17 வனத்து அந்தோனியார் திருநாள். மிருகங்களை மந்திரிக்கும் நாள். மண்டூரில் பட்டிப்பொங்கல் முடிந்த கையோடு அது வரும். “எத்தன மாடு வந்த?” என்று அம்மா வருசா வருசம் கேட்பார். மாடு வருவதில்லை. கம்பளிச் சட்டை போட்ட நாய்கள், கூட்டுக்குள் கிளி, ஒரு பையன் கொண்டுவந்த ஆமை. பூனைகளுக்குத் தீர்த்தம் தெளிப்பதைவிட ஆபத்தான குருத்துவப் பணி வேறில்லை. கையில் அடையாளம் இருக்கிறது.

பிரசங்கம் என் பலம் இல்லை. மண்டூர் முருகன் கோவிலில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார், கதிர்காமத்து முறை. மந்திரம் இல்லை, பேச்சு இல்லை, ஆயிரக்கணக்கான சனம் கண்ணீரோடு நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்தவன் ஞாயிறுதோறும் ஒலிவாங்கியின் முன் நின்று வினைச்சொல்லைத் தேடுகிறேன். எங்கள் கோயில் வழக்கத்தைச் பூசை உடுப்பு மாற்றும் அறையில் நின்று கோவில்பிள்ளைக்கு ஒருநாள் சொன்னேன். அவர் நன்றாகக் கேட்டுவிட்டு, “நல்ல வழக்கம். இங்கேயும் தொடங்கலாமே” என்றார். கிழவர் சிரிக்கவில்லை.

சாந்தா ரொசாலியாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் பலெர்மோத் தமிழர் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். 1624இல் நகரத்தில் கொள்ளைநோய். பெல்லெக்ரினோ மலைக் குகையில் அந்தத் தவப்பெண்ணின் எலும்புகளைக் கண்டெடுத்து, நகரத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நோய் தணிந்தது என்பது ஊரின் நம்பிக்கை. குகைதான் கோவில். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகள் பிடித்துக் கொண்டுபோகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலையில் தமிழ்தான் கேட்கும். சைவம், வேதம் என்று பிரிக்க முடியாது. சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறார்கள். நேர்த்தி வைக்கிறார்கள், பிள்ளைக்கு முதல் சோறு தீத்துகிறார்கள்.

யூலை 14 இரவு நகரத்தில் பெரிய தேர். நகரபிதா ஏறி நின்று பலெர்மோவும் ரொசாலியாவும் வாழ்க என்று கத்த, சனம் பதிலுக்குக் கத்தும். எனக்குப் பின்னால் நின்ற மண்டூர் அண்ணன் ஒருவர் அடிவயிற்றிலிருந்து “அரோகரா!” என்றார். சுற்றி நின்ற இத்தாலியர் சிலர் அதையும் சேர்த்துச் சொன்னார்கள். மிசனரி என்ற முறையில் நான் திருத்தியிருக்க வேண்டுமோ என்னவோ. செப்டெம்பர் 4 அவளுடைய திருநாள். மண்டூர் முருகனுக்குத் தீர்த்தத் திருவிழா ஆவணிப் பூரணையில். இரண்டும் கிட்டக்கிட்ட வருவதால் அண்ணனுக்கு லீவு எடுப்பதில் வருசா வருசம் தர்மசங்கடம். “சுவாமி, ஆர் கோவிக்கமாட்டாங்க?” என்று என்னைக் கேட்டார். அவள் கோபிக்கமாட்டாள், முருகனிடம் போங்கள் என்று அனுப்பி வைத்தேன். என் ஆயருக்கு இது தெரியத் தேவையில்லை.

இப்போது லீவில் மண்டூரில்தான் இருக்கிறேன். எருமைத்தயிரும் இறால் குழம்பும் கிடைக்கின்றன, ஓய்வு கிடைக்கவில்லை. விடிந்தால் முற்றத்தில் ஆள். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த கடதாசி. எல்லாருக்கும் ஒரே சிக்கல்: பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, கடவுச்சீட்டில் இன்னோர் எழுத்து. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். நமக்கு அது ஒரே ஆள். இத்தாலியக் கணினிக்கு அது இரண்டு ஆள், அதில் ஒருவருக்கு அனுமதி இல்லை.

ஆகவே இத்தாலி போக நினைக்கிற பிள்ளைகளே, பூசைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இங்கேயே பார்த்து, பிழையென்றால் இங்கேயே திருத்திக்கொண்டு விமானம் ஏறுங்கள். முத்திரை வாங்க நீங்களே சுருட்டுக்கடைக்குப் போங்கள். எனக்காக நவநாள் சொல்கிற பாட்டிமார் களைத்துப்போனார்கள்.