மாண்ட்ரியல் மேலிடத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்: பல்லாவரம்வாசி ஒருவர் (விமானச் சத்தத்தில் டிவி வசனம் கேட்காத வீடு).
பெறுநர்: உயர்திரு அதிகாரிகள், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, மாண்ட்ரியல்.
நகல்: உலக வானிலை அமைப்பு, ஜெனீவா.
பொருள்: விமான நிலைய வானிலை அறிக்கையை மனிதர் படிக்கும்படி எழுதக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்களின் மூன்றாம் இணைப்பு, ஐந்தாம் இணைப்பு மற்றும் என் மகளின் நோட்டுப் புத்தகம்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் மகள் விமானி உரிமத்துக்குப் படிக்கிறாள். வானிலையியல் தாளில் நூற்றுக்கு எழுபது வாங்கினால்தான் பாஸ். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்தால் வீடே சேர்ந்து படிக்கும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஃபிரிட்ஜ் கதவு, பீரோ கண்ணாடி, பூஜை அறை நிலைப்படி என்று திரும்பிய பக்கமெல்லாம் தங்கள் 'மெட்டார்' என்ற வானிலை அறிக்கைச் சுருக்கெழுத்து ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து எழுந்த சந்தேகங்களைத்தான் இந்த மனுவில் வைக்கிறேன்.

ஒரு டிசம்பர் காலையில் மீனம்பாக்கத்திலிருந்து இப்படி ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம்:

விஓஎம்எம் 040030இசட் 01018ஜி32கேடி 1500 +டிஎஸ்ஆர்ஏ எஸ்சிடி008 ஃபியூ025சிபி ஓவிசி080 24/23 கியூ1002

விஓஎம்எம் என்றால் சென்னை விமான நிலையம். விஓ என்று தொடங்கினால் தென்னிந்தியா, திருச்சிக்கு விஓடிஆர். அடுத்து 04 என்பது தேதி. மாதம் கிடையாது, ஆண்டும் கிடையாது. அரை மணிக்கு ஒருமுறை புதிதாக எழுதுகிற சீட்டுக்கு மாதம் எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். 0030 கிரீன்விச் கணக்கு. ஐந்தரை மணி கூட்டினால் நமக்குக் காலை ஆறு. காற்று ஏறக்குறைய நேர் வடக்கிலிருந்து 18 நாட் வேகத்தில் வீசுகிறது, இடையிடையே 32-க்கு எகிறுகிறது. 1500 மீட்டர் தூரம்வரைதான் கண் தெரிகிறது. இடியோடு கனமழை. வானத்தை எட்டுப் பங்கு போட்டால் அதில் மூன்று நான்கு பங்கை 800 அடி உயரத்து மேகம் மறைக்கிறது. 2500 அடியில் விமானிகள் ஒதுங்கிப் போகும் இடிமேகம். 8000 அடியில் மிச்ச வானமும் மூடியாயிற்று. வெப்பநிலை 24, பனிநிலை 23, காற்றழுத்தம் 1002 ஹெக்டோபாஸ்கல்.

காற்றுக்கு நாட், கண்ணுக்கு மீட்டர், மேகத்துக்கு அடி. ஒரே வரியில் இத்தனை அளவா என்று ஐந்தாம் இணைப்பைப் புரட்டினால், நாட்டும் அடியும் தற்காலிகமாக அனுமதிக்கப்பட்ட அலகுகள்தான் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். தற்காலிகம் எப்போது முடியும்? அதற்கென்று ஒரு கட்டம் போட்டு, 'முடிவுத் தேதி நிர்ணயிக்கப்படவில்லை' என்றும் நிரப்பியிருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது நிர்ணயிக்கப்படவில்லை. எங்கள் அரசு அலுவலகங்களில் தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்து தற்காலிகப் பணியாளராகவே ஓய்வு பெற்றவர்கள் உண்டு. அந்த நிர்வாக ரகசியத்தை மாண்ட்ரியலுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்றுதான் எனக்கு ஆச்சரியம். அமெரிக்கா 1996-இல் தங்கள் குறியீட்டில் சேர்ந்தபோது மைலையும் பாதரச அங்குலத்தையும் கையோடு கொண்டுவந்தது. பெரிய வீட்டுச் சம்பந்தி. தாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

திசையிலும் ஒரு வேடிக்கை. காற்றின் திசையை எழுதிக் கொடுத்தால் அது உண்மை வடக்கிலிருந்து. அதையே கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் வாயால் சொன்னால் காந்த வடக்கிலிருந்து. சென்னையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் நாங்கள் பிழைத்தோம்.

மழையின் அளவுக்கு வருவோம். கனமழைக்குக் கூட்டல் குறி, லேசான மழைக்குக் கழித்தல் குறி, நடுத்தர மழைக்குக் குறியே இல்லை. சரி, கழித்தல் குறிதான் இருக்கிறதே, லே விமான நிலையத்தில் ஜனவரிக் குளிருக்கு அதைப் போடலாமே என்றால், கூடாது. அங்கே எம் என்ற எழுத்து. கண் தெரியும் தூரம் 9999 என்றால் பத்து கிலோமீட்டரோ அதற்கு மேலோ. ஐந்து இலக்கம் எழுத இடமில்லாத கட்டத்தில் 10,000-ஐ உட்கார வைத்த சாமர்த்தியம் இது.

இந்தக் குறியீடு 1968 ஜனவரி 1 முதல் உலக வழக்குக்கு வந்தது. டெலிபிரின்டர் தடதடவென்று அடித்த காலம். ஓர் எழுத்து குறைந்தாலும் கம்பிக்கு மிச்சம். ஒப்புக்கொள்கிறேன். எங்கள் நாட்டில் தந்தி சேவையே 2013 ஜூலையில் முடிந்துபோனது. பல்லாவரத்தில் மாவு அரைக்கிற கடைக்காரர்கூட இப்போது மூன்று நிமிட வீடியோ அனுப்புகிறார். தாங்களோ இன்னும் எழுத்தெண்ணி எழுதுகிறீர்கள்.

அதுகூடப் பரவாயில்லை. என் மனு பிறந்த இடம் வேறு. 2020 நவம்பரிலிருந்து நாடுகள் இதே அறிக்கையை எக்ஸ்எம்எல் வடிவத்திலும் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று தாங்கள் விதித்திருக்கிறீர்கள். அதில் காற்றுக்குக் காற்று என்று பெயர் போட்டு, எந்த அலகு என்று பக்கத்தில் எழுதி, தேதிக்கு மாதமும் ஆண்டும் சேர்த்து, ஒரு வரி விஷயம் பக்கம் பக்கமாக விரிகிறது. யாருக்கு? கம்ப்யூட்டருக்கு. களைப்பே தெரியாத இயந்திரத்துக்கு விளக்கவுரை; விடிகாலை மூன்று மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு விமானம் ஓட்டக் கிளம்பும் மனுஷிக்குச் சூத்திரம். இந்த முறையை வகுத்த குழுவில் கம்ப்யூட்டர்கள் பெரும்பான்மையாக இருந்தனவா என்பதைத் தெரிவிக்கவும்.

சூத்திரமாவது ஒரே மொழியில் இருக்கிறதா? ஆர்ஏ ஆங்கில மழை. எஸ்என் ஆங்கிலப் பனிப்பொழிவு. ஆனால் பிஆர் என்ற பனிப்படலம் பிரெஞ்சு 'ப்ரூம்'. ஜிஆர் என்ற ஆலங்கட்டி பிரெஞ்சு 'கிரேல்'. பிஆரை 'பேபி ரெயின்' என்று பொய்யாக மனப்பாடம் செய்துதான் மாணவர்கள் கரையேறுகிறார்கள். புகைக்கு 'ஃப்யுமே' என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள், எஃப்யூ. அந்த இரண்டு எழுத்தையும் என் மகள் தாத்தா எதிரில் சத்தம் போட்டுப் படிப்பதில்லை.

அந்தப் புகை எங்களுக்குப் பழக்கமானது. போகியன்று விடியும் முன்பே பழைய பாயும், யார் சொன்னாலும் கேட்காமல் டயரும் எரியும். மார்கழிப் பனி மேலே எழவிடாமல் அமுக்க, ஊரே மூச்சுத் திணறும். சென்னைக்கு வந்த விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிடப்பட்ட போகிகள் உண்டு. அந்த நேரத்தில் வானிலைக் கண்காணிப்பாளர் வெளியே பார்த்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். கண் தெரிவது 1000 மீட்டருக்குக் கீழே, அதற்குக் காரணம் நீர்த்துளி என்றால் மூடுபனி. 1000 முதல் 5000 வரை என்றால் பனிப்படலம். துளியில்லாமல் தூசுதும்பு என்றால் வேறு குறி, எரித்த புகை என்றால் எஃப்யூ. நான்கும் கலந்து ரப்பர் வாசனையோடு வருவதற்குத் தங்கள் அட்டவணையில் எழுத்து இல்லை. ஒதுக்கித் தந்தால் ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் பயன்படுத்திக்கொள்கிறோம்.

முன்னறிவிப்பில் சாத்தியக்கூறு சொல்லத் தங்களிடம் இருப்பவை இரண்டே எண்கள்: 30 சதவீதம், 40 சதவீதம். முப்பதுக்குக் கீழே இருந்தால் சொல்லவே லாயக்கில்லை. ஐம்பதைத் தொட்டுவிட்டால் அது சாத்தியக்கூறே இல்லை. நடக்கும் என்றே எழுதிவிட வேண்டும். 'பாதிக்குப் பாதி' என்று கையை விரிக்க ஒருவருக்கும் அனுமதியில்லை. தற்காலிக மாற்றத்தைக் குறிக்கும் 'டெம்போ' என்ற சொல்லையும் இஷ்டத்துக்குப் போட முடியாது: அந்த மாற்றம் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும், மொத்தமாகக் கூட்டினாலும் சொன்ன காலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

இதைப் படித்த இரவில்தான் என் மனு ஆட்டம் கண்டது. டிவியில் செய்தி ஓடியது: ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும், வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும். எந்த ஓரிரு இடம்? எத்தனை மணிக்கு? பெய்தாலும் சொன்னது சரி, பெய்யாவிட்டாலும் சரி. இத்தனை காலம் இந்த வாக்கியத்தை நம்பித்தான் வடாம் காயவைத்திருக்கிறோம்.

மகளிடம் வரைவைக் காட்டினேன். படித்துவிட்டு, "எதுக்குப்பா மாத்தணும்? ஒரே பார்வையில தெரியுது. நீ கேக்கற மாதிரி எழுதினா கதை படிக்கறதுக்குள்ள இறங்கற எடமே வந்துடும்" என்றாள்.

"போன மாசம் நீதான அழுத?"

"அப்ப தெரியாது, அழுதேன். இப்பத் தெரியுமில்ல?"

இந்தக் குறியீடு இத்தனை காலம் உயிரோடு இருப்பதன் சூட்சுமம் எனக்கு அப்போதுதான் புலப்பட்டது. கற்றுக்கொள்ளும்வரை எல்லோரும் எதிர்க்கட்சி. கற்றுக்கொண்ட மறுநாள் ஆளுங்கட்சி. சீர்திருத்தக் குழுவில் உட்காருபவர் எல்லோரும் என்றைக்கோ பாஸ் செய்தவர்கள். என் கதையும் அதுவே ஆகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா துணி காயப்போடும் முன் மாடியிலிருந்து "என்னங்க, இன்னிக்கு எப்படி?" என்கிறார். நான் செல்போனைப் பார்த்து, "800 அடியில மேகம், காத்து வடக்கு, காயப்போடாதீங்க" என்கிறேன். தெருவில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. தாங்கள் நாளைக்கே எளிய மொழிக்கு மாறினால் இந்த மரியாதைக்கு யார் பொறுப்பு?

ஆகவே மேற்படி கோரிக்கையை வாபஸ் பெற்று, கீழ்க்கண்டவாறு திருத்திக்கொள்கிறேன். என் மகளின் பரீட்சை முடியும்வரை குறியீட்டில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. முடிந்த பிறகும் மாற்றக் கூடாது. அடுத்து வருகிற பிள்ளைகளும் எங்களைப் போல ஃபிரிட்ஜில் ஒட்டிப் படிக்கட்டும். போகிக்கான எழுத்தை மட்டும் கருணையோடு பரிசீலிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பல்லாவரம்வாசி.
இடம்: விஓஎம்எம் அருகில்.
நாள்: 171330இசட். மாதத்தைத் தங்கள் வழக்கப்படி விட்டிருக்கிறேன். மனு எத்தனை ஆண்டு கிடப்பில் கிடந்தாலும் பழசாகத் தெரியாது.